படகு விஷயமாக யூசுப் பாய்க்கு

உடுமலைப்பேட்டை தேங்காய் மண்டி, பெருமதிப்பிற்குரிய ஜனாப் முகமது யூசுப் பாய் அவர்களுக்கு, கோயம்புத்தூர் உக்கடத்தில் மோட்டார் காயில் கட்டும் அப்துல் குத்தூஸ் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் ரம்லாவும் மகள் ரிஃபானாவும் இறைவன் கிருபையால் சுகம். என் தாடியின் இடது பாதி மட்டும் வெளுத்துப் போயிருக்கிறது, அந்த விவரம் பின்னால் வருகிறது. தங்கள் உடல் நலத்துக்கும் தங்கள் தென்னைகளின் நலத்துக்கும் துஆ செய்கிறோம். முதல் வரியில் 'பாய்' என்பதற்கு முன்னால் ஒரு சொல் அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே 'சம்பந்தி' என்று எழுதியிருந்தேன். எழுதி, யோசித்து, ஒரே கோடாக அடித்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை தாங்கள் குடும்பத்தோடு வந்து, ரிஃபானாவுக்கும் தங்கள் மகன் அய்மனுக்கும் நிக்காஹ் நாள் குறிப்பதாக ஏற்பாடு. தயவுசெய்து வர வேண்டாம். பையன் நல்ல பையன்தான், தொழுகை உண்டு, பம்பு கம்பெனியில் இஞ்சினியர், பெரியவர்களுக்கு முன்னால் கால்மேல் கால் போட மாட்டான். ஆனால் அவனுக்கு இஞ்சின் தெரியவில்லை. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் என் அத்தா, அவருக்கு முன்னால் அவர் அத்தா, எல்லோரும் ஓடாததை ஓட வைத்தவர்கள். ஓடுகிறதையே நிறுத்துகிற ஒருவனுக்குப் பெண்ணைக் கொடுத்தால் உக்கடத்தில் என்னை என்ன பேசுவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் என்றால் நடுவில் நீங்களும் பேசுவீர்கள், அதனால்தான் கடிதம்.

கீழக்கரையில் இருக்கும் தங்கள் மச்சினர் நாகப்பட்டினத்தில் ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கியதும், அதைக் கடல் வழியாகவே கீழக்கரைக்குக் கொண்டுபோக அய்மனை அனுப்பியதும் தாங்கள் அறிந்ததே. நானும் கூடப் போனது என் சொந்தக் கொழுப்பு. தங்கள் வீட்டில் பிரியாணி சாப்பிட்ட மயக்கத்தில், "இஞ்சின்னா கோயமுத்தூரு, கோயமுத்தூருன்னா நானுங்க" என்று சொல்லிவிட்டேன். ஒரு மாப்பிள்ளையை நாலு நாள் கூடவே இருந்து பார்த்துவிடலாம் என்ற கள்ளத்தனமும் உள்ளே இருந்தது. காயில் கம்பி, இன்சுலேஷன் டேப், மெக்கர் மீட்டர், எல்லாம் பையில் போட்டுக்கொண்டு போனேன். படகில் ஏறிப் பெட்டியைத் திறந்து பார்த்தால் டீசல் இஞ்சின். அதில் நான் கட்டுவதற்கு ஒரு காயில்கூட இல்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல் மீட்டரை எடுத்து ஸ்டார்ட்டரை மட்டும் சோதித்து, "பரவாயில்ல, ஓடும்" என்று சொன்னேன். படகை ஓட்ட வந்த வேளாங்கண்ணிக்காரர் வின்ஸ்டன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

காலையில் கிளம்பி, கரை கண்ணில் இருக்கும்வரை நான் தைரியசாலி. அப்புறம் காலையில் தின்ற இட்லி, முந்தின ராத்திரி தின்ற பரோட்டா, எல்லாம் வந்த வழியே திரும்பிப் போயின. நான் பார்த்த பெரிய தண்ணீர் உக்கடம் பெரியகுளம். அது இப்படி ஆடாது. என்னைப் படகின் பக்கவாட்டில் ஒரு பலகையில் உட்கார வைத்தார்கள். அங்கே உட்கார்ந்த பிறகுதான் அந்தக் குழாயைக் கவனித்தேன். இஞ்சின் பெட்டியிலிருந்து வந்து, என் பலகைக்குப் பக்கத்தில் ஒரு பித்தளை வால்வு வழியாகப் படகுக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு, ஒன்றரை இஞ்ச் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. கேட்பாரில்லை. பாய், நம் பக்கத்தில் ஆயிரத்து இருநூறு அடி போர் போட்டு ஒன்றரை இஞ்ச் வந்தால் கிடா வெட்டிச் சோறு போடுகிறார்கள். புதுப் பழக்கம், வந்த இடத்தில் எதற்கு அதிகாரம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மதியம் லுஹர் தொழுகைக்கு வக்து வந்ததும் வெளியே எட்டிக் கையை நீட்டினால், அந்தத் தண்ணீர் இளஞ்சூடு! கை கால் கழுவ வெந்நீரே வைத்திருக்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டு, ஒளுச் செய்தேன். முடித்ததும் வால்வை இறுக்கி மூடினேன். ஓடுகிற ஆற்றில் ஒளுச் செய்தாலும் தண்ணீரை வீணாக்காதே என்று மதரஸாவில் காதைத் திருகிச் சொல்லித் தந்தது. கடல் தண்ணீர்தானே என்று நீங்கள் கேட்கலாம். அது புத்திக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. இதைக்கூடத் தங்கள் மகன் கவனிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தொழுது முடித்துப் பாயைச் சுருட்டினேன். கீ கீ என்று ஒரு பஸ்ஸர் அலறியது. இஞ்சின் சூடேறி, புகைந்து, நின்றுபோனது. அய்மன் ஓடி வந்து படகுக்கு வெளியே எட்டிப் பார்த்தான்.

"மாமா, தண்ணி வெளிய வரக் காணமுங்களே?"

"வரலீன்னா நல்லதுதானே கண்ணு" என்றேன்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். என்னைப் பார்த்தான், என் பலகையைப் பார்த்தான். நான் கால் இரண்டையும் மடக்கி, லுங்கியை வால்வின் மேலும் படர விரித்து, வசதியாக உட்கார்ந்திருந்தேன். "ஒண்ணுமில்லீங்க மாமா, நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டுக் கடலில் குதித்தான். படகுக்கு அடியில் போய், தண்ணீர் உறிஞ்சும் துளையிலிருந்து ஒரு கிழிந்த வலைத் துண்டை எடுத்து வந்து காட்டினான். இதுதான் காரணம் என்றான். இஞ்சின் ஆறட்டும் என்று நங்கூரம் போட்டுக் காத்திருந்தோம். சாயங்காலம் அஸர் தொழுகைக்கு ஒளுச் செய்ய வால்வைத் திறந்தேன். இஞ்சின் நின்றிருந்ததால் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. வால்வை அப்படியே விட்டுவிட்டு, வாளியில் மொண்டு செய்துகொண்டேன். பிறகு இஞ்சின் கிளம்பியது, குழாயிலும் தண்ணீர் கொட்டியது. பையன் வலைத் துண்டை வெற்றிக்கொடி மாதிரி ஆட்டினான். கோடியக்கரையில் இரவு தங்கினோம்.

மறுநாளும் லுஹர் தொழுதேன், ஒளுவுக்குப் பிறகு வழக்கம்போல வால்வை மூடினேன், மறுநாளும் நின்றது. இந்த முறை ரப்பர் கருகும் வாடை. பம்புக்குள் சுழலுகிற ரப்பர் சக்கரத்தின் இதழ்கள் பிய்ந்துபோய்விட்டன என்று அய்மன் பிரித்துக் காட்டினான். புதிதை மாட்டுவதற்குள் படகு தானாகக் கிழக்கே நகர ஆரம்பித்தது. என் போனில் ஒரு செய்தி வந்தது. பக்கத்து நாட்டு நெட்வொர்க் என்னை அன்போடு வரவேற்றிருந்தது. பாய், பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுப்பதையே தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிற ஆள் நான். லுங்கியோடு வெளிநாடு போவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. வின்ஸ்டன் நங்கூரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாய், தப்பா எடுத்துக்காதீங்க. நேத்தும் பாத்தேன், இன்னிக்கும் பாத்தேன். நீங்க தொழுது பாயைச் சுருட்டுனா இஞ்சின் நிக்குது."

"அதுக்கு?"

"கொஞ்சம் வேகமாத் தொழுறீங்களோன்னு பாத்தேன். நாளைக்கி நானும் கூட ஒரு ஜெபமாலை சொல்றேன், ஈடுகட்டுதான்னு பாப்போம்."

அய்மன் பின்னால் திரும்பிச் சிரித்ததை நான் பார்த்தேன். பயணத்தில் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழ அனுமதி உண்டுங்க மாமா என்று மெதுவாக எடுத்துச் சொன்னான். எனக்குத் தெரியாதா? வேறு என்ன வேலை இருக்கிறது, வக்துக்கு வக்து தொழுகிறேன் என்றேன். மார்க்க விஷயத்திலும் வேலையைக் குறைக்கப் பார்க்கிற பையன். அன்றைக்கு அஸருக்குப் பிறகு ஓடத் தொடங்கி, தொண்டியில் போய் ஒதுங்கினோம்.

மூன்றாம் நாள்தான் பெரிய கூத்து. பாம்பன் பாலத்தை நெருங்குகிறோம், நீரோட்டம் படகை இழுக்கிறது, பாலத்தின் தூண்கள் ஒவ்வொன்றும் வா வா என்று கூப்பிடுகிற மாதிரி நிற்கின்றன. அந்த நேரம் பார்த்து, என் தொழுகை முடிந்து, வால்வும் மூடியிருக்க, பஸ்ஸர் அலறியது. "டப்" என்று ஒரு சத்தம். இஞ்சின் பெட்டிக்குள் ஒரு ரப்பர் ஹோஸ் கழன்று, வெந்நீர் நேராக என் முகத்துக்கு. பெண் வீட்டுக்காரன் என்று சாயம் பூசிக் கறுப்பாக்கிய தாடி, இடது பக்கம் மட்டும் அன்றைக்கே தன் வயதை ஒப்புக்கொண்டது. வின்ஸ்டன் "மாதாவே" என்று கத்தினார், நான் "யா அல்லாஹ்" என்று கத்தினேன், அய்மன் மட்டும் ஒன்றும் கத்தாமல் என்னை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கி எதிர்ப்பக்கம் உட்கார வைத்தான். நங்கூரம் விழுந்து பிடித்தது. தூணுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு டவுன் பஸ் நிற்கலாம், அவ்வளவுதான் இடம்.

பிறகு அவன் நான் உட்கார்ந்திருந்த பலகையைப் பார்த்தான். வால்வைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "யாரு இத..." என்று வின்ஸ்டன் குனிந்தார். அய்மன் நடுவில் புகுந்து, "அது ஒண்ணுமில்லீங்கண்ணா, ஹோஸ் கிளிப்பு லூசு. நாந்தான் சரியா முறுக்கல" என்றான். அவனே சொன்னான் பாய், அவன் வாயாலேயே! இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஹோஸை மாட்டினான், வால்வைத் திறந்தான், ஸ்பேனர் எடுத்து வால்வின் கைப்பிடியைக் கழற்றினான். அப்புறம் கீழக்கரை வரைக்கும் இஞ்சின் ஒரு தும்மல் போடவில்லை. பாலத்தடியில் நான் ஓதிய துஆவின் பலன் என்று நினைக்கிறேன். ஆனால் வழி நெடுக அந்தத் தண்ணீர் கொட்டிக்கொண்டே வந்தது. பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகை முடித்து, கை பரபரத்து, "கண்ணு, அந்தக் கைப்பிடி எங்க?" என்று கேட்டேன்.

"கடல்ல உழுந்துபோச்சுங்க மாமா" என்றான்.

கவனியுங்கள். கிளிப்பை முறுக்கத் தெரியாதவன், கையில் இருந்த சாமானையும் கடலில் போட்டவன். தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக வெற்றிலைப்பாக்கு வேறு கேட்டான் வின்ஸ்டனிடம். இவனுக்கு ரிஃபானாவைக் கொடுத்தால் குடும்பம் எங்கே போய் நிற்கும்? நடுக்கடலில். நான் முடிவைச் சொன்னதிலிருந்து ரிஃபானா என்னிடம் பேசவில்லை. டீயை மட்டும் கொண்டுவந்து வைக்கிறாள், வைக்கிற சத்தத்தில் பேச வேண்டியதெல்லாம் பேசிவிடுகிறாள். ரம்லாவோ, "எளுதுங்க, எளுதுங்க, நல்லா எளுதுங்க" என்று பேனா மட்டும் எடுத்துக் கொடுத்தாள். பெற்ற மனம் பொறுக்காமல்தான் இவ்வளவும் எழுதினேன். மனவருத்தம் வேண்டாம். தங்கள் மகனுக்கு அவனைவிட இஞ்சின் தெரியாத குடும்பத்தில் நல்ல இடம் அமைய மனதார வேண்டுகிறேன். தங்கள் வீட்டாருக்கும், கீழக்கரை மச்சினருக்கும், மண்டியில் இருக்கும் எல்லோருக்கும் என் சலாம். இறைவன் தங்கள் தோப்பில் வற்றாத தண்ணீரைத் தருவானாக. வஸ்ஸலாம்.

தங்கள் அன்புள்ள,
அப்துல் குத்தூஸ்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கை கழுவ வாசலுக்குப் போனேன். இன்றைக்கு எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் விடும் நாள். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கையைக் கழுவினேன், உள்ளே வந்தேன்.

"ஏனுங்க, டிரம்மு பாதிகூட ரொம்பல, எதுக்குங்க குழாய மூடுனீங்க?" என்று ரம்லா சத்தம் போட்டாள்.

"நான் எங்க மூடுனேன்?"

"பின்ன, கையில ஈரத்தோட யாரு வந்தது?"

நான் கையைப் பார்த்தேன் பாய். அந்தக் கை எப்போது மூடியது என்று எனக்குத் தெரியவே தெரியாது. பலகை, வால்வு, வெந்நீர், பஸ்ஸர் எல்லாம் வரிசையாக வந்து எனக்கு முன்னால் நின்றன. அந்தத் தண்ணீர் எதற்காக இளஞ்சூடாக வந்தது என்று காயில் கட்டுகிறவனுக்கு இப்போதுதான் உறைக்கிறது. இஞ்சினின் சூட்டைச் சுமந்துகொண்டு வெளியே போன தண்ணீரை அல்லவா நான் மூன்று நாளும் சிக்கனம் செய்திருக்கிறேன்! ரம்லா தையல் மெஷின் டிராயரைத் திறந்து, ஒரு பித்தளைக் கைப்பிடியை எடுத்து என் முன்னால் வைத்தாள். என்னை வீட்டில் கொண்டுவந்து விட்ட அன்றைக்கே அய்மன் அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். "மாமாகிட்டச் சொல்லாதீங்க மாமி, சங்கடப்படுவாரு. தண்ணி வீணாப் போறதப் பாத்தா எங்கத்தாவுக்கும் கை நிக்காதுங்க" என்றானாம்.

"இத முன்னாலயே சொல்றதுக்கென்ன?" என்று கேட்டேன்.

"எளுதி முடிச்சா மனசு ஆறிப்போயிருமுன்னு உட்டுட்டனுங்க" என்கிறாள். கதவுக்குப் பின்னால் ரிஃபானா சிரிக்கிற சத்தம் கேட்கிறது. அவளுக்கும் தெரிந்திருக்கிறது. வின்ஸ்டன் ஒருவருக்குத்தான் தெரியாது, அந்த மானம்தான் அய்மன் என் தாடியில் மிச்சம் வைத்த கறுப்பு.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவசியம் எல்லோரும் வரவும். அய்மனைக் கூட்டிக்கொண்டு வரவும். கைப்பிடியை அவன் கையிலேயே கொடுக்க வேண்டும். என் கையில் இருப்பது யாருக்கும் நல்லதல்ல. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொல்கிறாள் ரம்லா. இத்தனை பக்கத்தை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் பின்குறிப்புக்கு மேலே அடிக்காமல் விட்டதையெல்லாம் அடித்ததாகவும், முதல் வரியில் அடித்திருக்கும் அந்த ஒரு சொல்லை மட்டும் அடிக்காததாகவும் படிக்கவும்.