பதவிக்கேற்ற விளக்கு

எச்சரிக்கைப் பலகைகள் இயக்ககம் என்று ஓர் அரசு அலுவலகம் இருப்பது பலருக்குத் தெரியாது. வளைவுக்கு முன்னால் 'மெதுவாகச் செல்லவும்' என்று ஒரு பலகை நிற்கிறதல்லவா? அதைப் பார்த்ததும் நீங்கள் முன்னால் போகிற லாரியை முந்துகிறீர்களல்லவா? அந்தப் பலகையை அங்கே நட்டது நாங்கள்தான். சிவப்பு முக்கோணம், உள்ளே ஓர் ஆச்சரியக்குறி. 'ஏதோ ஆபத்து, என்னவென்று எங்களுக்கும் தெரியாது' என்பது அதன் பொருள். எங்கள் துறையின் சின்னமும் அதுவே. வாசல் வளைவில் இருக்கிறது, கடிதத் தலைப்பில் இருக்கிறது, டீ கப்பிலும் இருக்கிறது.

மேன்மை பொருந்திய இந்த அலுவலகத்தில் நான் வாகனப் பிரிவு உதவியாளராக இருந்தேன். பெயர்தான் பிரிவு. ஒரு மேசை, ஒரு நாற்காலி, சாவிகளை மாட்ட ஒரு பலகை, நான். அவ்வளவுதான்.

எங்கள் கார்கள் எல்லாம் ஹைபிரிட். பாதி பெட்ரோல், பாதி கரண்ட். ஒரு காலத்தில் பசுமை என்பது பெரிய நாகரிகமாக இருந்தது. கோப்பு கட்டும் நாடாவைக்கூடப் பச்சையாக மாற்றினார்கள். அப்போது வாங்கியவை. வந்த புதிதில் அதிகாரிகள் காரை விட்டு இறங்கியதும் "சத்தமே இல்ல, பாத்தீங்களா?" என்பார்கள். அந்தச் சத்தத்தை அவர்களே மிரட்டி அடக்கியது மாதிரி முகத்தில் ஒரு பெருமை இருக்கும். பிறகு நாகரிகம் வேறு பக்கம் போய்விட்டது, கார்கள் மட்டும் எங்களோடு தங்கிவிட்டன. நாடா வெளுத்தது. கார்களுக்கும் வயதாயிற்று.

ஒரு திங்கட்கிழமை காலை, இணை இயக்குநர் அம்மாவின் காரில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு முக்கோணம் எரிந்தது. ஓட்டுநர் மூச்சிரைக்க ஓடி வந்தார். அலுவலகம் முழுவதற்கும் அவர் 'அண்ணன்'தான்.

"சார், வண்டில விளக்கு எரியுது."

"என்ன விளக்கு அண்ணே?"

"நம்ம விளக்குதான் சார். நம்ம டீ கப்புல இருக்குமே, அதே விளக்கு."

போய்ப் பார்த்தேன். யாராவது கவனிக்கிறார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். காரணம் இருக்கிறது. எனக்கு முன்னால் என் நாற்காலியில் இருந்தவர், இயக்குநரின் கார் பஞ்சராகி நின்ற குற்றத்துக்காக உடைந்த பலகைக் கிடங்குக்கு மாற்றப்பட்டார். கிடங்கு ஊருக்கு வெளியே, பஸ் போகாத இடத்தில் இருக்கிறது. பேச்சுத் துணைக்குப் பலகைகள்தான். போன மாதம் ஒரு வேலையாக வந்தவர், என் மேசையைச் சுற்றிப் போகும்போது வாயாலேயே ஹாரன் அடித்தார்.

வீட்டில் சொன்னேன். மனைவி தனியார் பள்ளியில் டீச்சர். விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமலேயே தீர்ப்பு வழங்கினாள்.

"கிடங்குக்கு மாத்தினா நீங்க மட்டும் போங்க. என் வேலையையும் பொண்ணு படிப்பையும் விட்டுட்டு நான் வர முடியாது. இப்பவே சொல்லிட்டேன்."

அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு என்னால் ஒரு வாரம்கூட இருக்க முடியாது. அலுவலகத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

உடனே மெக்கானிக்கை அழைத்தேன். மெக்கானிக் தேர்வில் விதிமுறைகள் அனைத்தும் பின்பற்றப்பட்டிருந்தன. அவன் என் மனைவியின் தம்பி. ஒரு கருவியைக் கொண்டுவந்து காரில் சொருகினான், ஒரு பொத்தானை அமுக்கினான். விளக்கு அணைந்தது.

"சரியாயிடுச்சு மாமா."

"என்ன கோளாறு மாப்ள?"

"தெரியல. அதையும் சேத்து அழிச்சிட்டேன்."

மறுநாள் முக்கோணம் திரும்ப வந்தது. சின்ன பேட்டரியை மாற்றினான். வந்தது. ஏதோ ஒயரைக் கழற்றித் துடைத்து மாட்டினான். அப்போதும் வந்தது. கடைசியில் வேறு வழி தெரியாமல் காரைக் கழுவினான்.

கழுவி நிறுத்திய காரின் அருகே இயக்குநர் வந்து நின்றார். குனிந்து உள்ளே பார்த்தார். என் கண் முன்னால் கிடங்கின் கதவு திறந்தது.

"இது நம்ம சின்னமாச்சே?"

"ஆமாங்க ஐயா."

"கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்தானா?"

"இல்லைங்க ஐயா. வண்டி தானாவே போட்டுக்கிச்சு."

இயக்குநர் இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"என் கார்ல ஏன் இல்ல?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் யாரிடமும் பதில் கிடையாது. பதில் இல்லாத கேள்வி எங்கள் அலுவலகத்தில் கோப்பாக மாறும். 'துறையின் சின்னமானது ஒளிரும் வடிவில் கீழ்நிலை அலுவலரின் வாகனத்தில் காணப்பட்டு, தலைமை அலுவலரின் வாகனத்தில் காணப்படாமை நிர்வாக ஒழுங்குக்கு ஊறு விளைவிப்பதாகும்' என்று கோப்பு தொடங்கியது. துறைச் செயலர் கலந்துகொள்ளும் பலகைத் திறப்பு விழாவுக்கு முன்பாக, இயக்குநரின் காரிலும் விளக்கு எரிய வாகனப் பிரிவு ஆவன செய்ய வேண்டும் என்று முடிந்தது. கீழே, இயக்குநரே தம் கைப்பட ஒரு வரி சேர்த்திருந்தார்: 'கிடங்கில் இன்னும் ஒரு காலியிடம் உள்ளது.'

மச்சினனிடம் ஓடினேன்.

"மாமா, விளக்க அணைக்கச் சொல்லித்தான் ஊர்ல எல்லாரும் வருவாங்க. எரிய வைக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதான்."

"முடியுமா முடியாதா?"

"வண்டியக் கெடுத்தா எரியும்."

"கெடுக்காம?"

"கெடுக்காம எரிஞ்சா வண்டி பொய் சொல்லுதுன்னு அர்த்தம். அந்தப் பாவத்த நான் செய்யமாட்டேன்."

வாழ்நாளில் அவனுக்கு மனசாட்சி வேலை செய்த ஒரே நாள் அதுதான். அதுவும் என் தலையில் வந்து விடிந்தது.

என்னைக் காப்பாற்றியது இயக்குநரே. இணை இயக்குநர் அம்மாவின் காரை மறுபடி பார்க்கப் போனவர், பின்சீட்டில் புதிதாக ஒரு வெள்ளை விரிப்பு போட்டிருப்பதைக் கவனித்துவிட்டார். அதுவும் அவர் காரில் இல்லை. அம்மாவின் விரிப்பு சீட்டின் ஓரம்வரை வந்து கொஞ்சம் கீழே தொங்கியது. பதவி வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதால், தமக்குத் தடித்த துணியில், இரு பக்கமும் தரைவரை தொங்கும்படி தைக்கச் சொன்னார். தைத்துப் போட்டோம். அந்த வாரத்திலேயே இயக்குநரின் காரில் முக்கோணம் எரிந்தது!

அலுவலகமே திரண்டு வந்து பார்த்தது. இயக்குநர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து, இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கும் எரிந்தது. அதன் பிறகு, வழுக்கிக்கொண்டு போகிற காரின் படம்.

"வண்டிக்கே பதவி தெரியுது பாத்தீங்களா?" என்றார் இயக்குநர்.

இணை இயக்குநர் அம்மா சும்மா விடுவாரா? விரிப்பை அகலமாக்கினார். அவருக்கும் இஞ்சின் விளக்கு வந்தது. உடனே இயக்குநர் தம் விரிப்புக்கு அடியில் ஒரு கம்பளியும் சேர்த்தார். துணை இயக்குநர்களின் கார்களில் விரிப்பும் இல்லை, விளக்கும் இல்லை. அதுவே முறை என்று அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். விளக்கு கூடக் கூட கார்களின் வேகம் குறைந்தது. அந்த அளவுக்குக் கம்பீரம் கூடியதாகக் கருதப்பட்டது. பின்சீட்டுப் பக்கமிருந்து ஒரு மின்விசிறி இரவு பகல் பாராமல் உறுமியது. தமக்காகத்தான் அது அப்படிப் பாடுபடுகிறது என்று இயக்குநர் அதன்மேல் பிரியமாக இருந்தார்.

ஒருநாள் இயக்குநரின் பேனா பின்சீட்டில் விழுந்துவிட்டது. அதைத் தேடி மச்சினன் விரிப்பைத் தூக்கினான். சீட்டின் பக்கவாட்டில், கோடு கோடாகத் துளை போட்ட ஒரு சின்ன மூடி இருந்தது. அதில் துணிப் பிசிறு அப்பிக் கிடந்தது.

"மாமா, இங்க வாங்க. வண்டியோட பெரிய பேட்டரி இந்த சீட்டுக்குப் பின்னாலதான் இருக்கு. அதுக்குக் காத்து போற ஜன்னல் இது. துணியப் போட்டு அடைச்சிட்டீங்க. பேட்டரி கொதிக்குது. அதான் வண்டி விளக்கு விளக்காப் போட்டுக் கத்துது. துணிய எடுத்தீங்கன்னா எல்லாம் அணைஞ்சிடும்."

"மெதுவாப் பேசு," என்றேன்.

அன்று வீட்டில் ஆலோசனைக் கூட்டம் நடந்தது.

"துணிய எடுத்தா விளக்கு போயிடும். விளக்கு போனா நீங்க போயிடுவீங்க," என்று என் மனைவி கணக்கைப் போட்டாள். "எடுக்கலன்னா?"

"வண்டி ஒருநாள் நின்னுடும் அக்கா," என்றான் மச்சினன்.

"எப்போ?"

"அது தெரியாது."

"அப்ப அத அப்புறம் பாத்துக்கலாம்."

என் மனைவி ஒருநாள்கூட அரசுப் பணியில் இருந்தவள் இல்லை. ஆனாலும் நிர்வாகம் அவள் ரத்தத்தில் இருந்தது. மச்சினனும் சும்மா இருக்கவில்லை. மனசாட்சி ஒருமுறை எட்டிப் பார்த்ததோடு சரி. 'இங்கே எச்சரிக்கை விளக்கு எரிய வைத்துத் தரப்படும்' என்று கடை வாசலில் பலகை வைத்தான். ஊரில் பழைய ஹைபிரிட் வைத்திருந்தவர்கள் எல்லாம் கம்பளியும் கையுமாக வந்தார்கள். புதுக் கார்க்காரர்கள்கூட வந்தார்கள். "புது வண்டிக்கு அவ்வளவு சீக்கிரம் வராதுங்க. பொறுமையா இருக்கணும்," என்று அவன் ஆறுதல் சொல்லி அனுப்பினான்.

திறப்பு விழா நாள் வந்தது. ஊருக்கு வெளியே மேட்டுச் சாலையின் வளைவில் ஒரு மாபெரும் பலகை. 'எச்சரிக்கை: முன்னால் எச்சரிக்கைப் பலகை உள்ளது.' இயக்குநரின் கனவுத் திட்டம். பின்சீட்டில் அவர், முன்னால் அண்ணனும் நானும். எங்களுக்குப் பின்னால் செயலரின் கார்.

மேடு ஏற ஏற, விளக்குகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. நான் அதுவரை பார்த்திராத படங்கள் எல்லாம் வந்தன. இயக்குநர் பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்து மகிழ்ந்தார். பலகைக்குக் கொஞ்சம் முன்னால், சரியாக வளைவின் நடுவில், கார் நின்றது. உறுமிக்கொண்டிருந்த மின்விசிறியும் நின்றது. சத்தமே இல்லை.

"ஏன் நின்னுச்சு?" என்றார் இயக்குநர்.

அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்கு என் பெண்ணின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. நாக்கு தானாகப் பேசியது.

"ஐயா, இருக்கிற விளக்கு எல்லாம் எரிஞ்சிடுச்சுங்க. இதுக்கு மேல எரிய விளக்கே இல்ல. அதான் வண்டி நின்னுடுச்சு."

"அப்ப இதுதான் உச்சமா?"

"ஆமாங்க ஐயா. இதுக்கு மேல பதவியே கிடையாது."

இயக்குநர் சட்டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குள் எங்களுக்குப் பின்னால் லாரியும் பஸ்ஸுமாக நின்று ஹாரன் அடித்தன. செயலர் தம் காரை விட்டிறங்கி, முகம் சிவக்க நடந்து வந்தார்.

"நடு ரோட்ல என்னய்யா இது?"

இயக்குநர் பதறவில்லை. கண்ணாடியை இறக்கி, முன்பக்கத்தைக் காட்டினார். பொங்கி வழிகிற மாதிரி அத்தனை விளக்குகள். எது எந்தப் பதவிக்கு உரியது என்று நிதானமாக விளக்கினார். செயலர் ஒவ்வொரு விளக்கையும் குனிந்து பார்த்தார். அவர் பார்க்கப் பார்க்க, நான் மனசுக்குள் கிடங்குக்குப் படுக்கையைச் சுருட்ட ஆரம்பித்தேன். செயலர் என் பக்கம் குனிந்து காதோடு கேட்டார்.

"என் கார்ல ஒண்ணுகூட எரியலையேப்பா?"

அடுத்த வாரமே எனக்கு மாறுதல் உத்தரவு வந்தது. கிடங்குக்கு அல்ல, தலைமைச் செயலகத்துக்கு. அனைத்துத் துறை வாகன விளக்கு ஒருங்கிணைப்பு அலுவலர் என்று பதவி. வீடு மாற வேண்டியதில்லை. எனக்கென்று ஒரு பழைய ஹைபிரிட் காரும், என் நிலைக்கேற்ற ஒரு சிறிய விரிப்பும் தரப்பட்டன.

இப்போதெல்லாம் வளைவுகளில் அரசுக் கார்கள் நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒருவர் வியர்க்க வியர்க்க நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். இறங்கித் தள்ள முயலாதீர்கள். அவர் உச்சத்தில் இருக்கிறார். பின்னால் எங்கள் முக்கோணப் பலகை வைத்திருப்போம், நீங்களும் வழக்கப்படி வேகத்தைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். போகிற போக்கில் திட்டுகிறீர்கள் என்றும் கேள்விப்படுகிறேன். திட்டுங்கள். உங்களில் யார் யார் காரில் கம்பளி இருக்கிறது என்று மச்சினன் என்னிடம் சொல்லியிருக்கிறான்.

தினமும் காலையில் மனைவியையும் பெண்ணையும் பள்ளியில் இறக்கிவிட்டுத்தான் அலுவலகம் போகிறேன். முதல் நாள் பின்சீட்டில் ஏறிய மனைவி, முன்னால் எட்டிப் பார்த்தாள். விளக்குகள் எல்லாம் அணைந்து, முன்பக்கம் துடைத்து வைத்தது மாதிரி இருந்தது. என் விரிப்பு பேட்டரியின் அந்தக் காற்று ஜன்னலுக்கு எட்டாத அளவுதான்.

"ஒண்ணுமே எரியலையே?"

"வண்டி நல்லா இருக்குன்னு அர்த்தம்," என்றேன்.

"அது நமக்குத் தெரியும். ஸ்கூல் வாசல்ல நிக்கிறவங்களுக்குத் தெரியுமா?"

அவள் பெண்ணின் புத்தகப் பையை எடுத்து, அந்த ஜன்னலோடு ஒட்டி, இடைவெளி இல்லாமல் சாய்த்து வைத்தாள். மறுநாளிலிருந்து நானும் என் சாப்பாட்டுப் பையை அங்கேயே வைத்தேன். வாரம் முடிவதற்குள், பள்ளி வாசலை நெருங்கும்போது முக்கோணம் எரிந்தது.

நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.