சூரியனைத் திட்டிய பாதிக் கண்ணாடி

ஊவா மாகாணத்தில் தோட்டத் துரையோடு சண்டை பிடித்தவர்கள் உண்டு. பஸ் கண்டக்டரோடு சண்டை பிடித்தவர்கள் ஏராளம். ஆனால் தினமும் காலையில் வாசலுக்கு வந்து சூரியனை வாய்க்கு வந்தபடி திட்டிய மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். பதுளையில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பாதிக் கண்ணாடி. சொந்தப் பெயரைக் கேட்டவர்களுக்கும் திட்டுத்தான் கிடைத்தது.

லுணுகலைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர். கொழும்பில் லென்ஸ் செய்யும் இடமொன்றில் வேலை பார்த்தாராம். முதலாளி "இது போதும்" என்ற லென்ஸைப் போதாது என்று சொல்லி, முதலாளியின் மேசையிலேயே உடைத்துவிட்டு வந்தாராம். என் போன் ரிப்பேர் கடையின் பின்னறையில்தான் குடியிருந்தார். உடைந்த போன், பழைய கெமரா எது வந்தாலும் எனக்கு முன்னால் அவர் கை அதற்குள் இருக்கும். எங்கள் நட்பு பெரும்பாலும் அதட்டலில்தான் நடந்தது.

உலகத்தில் அவருக்குப் பிடித்த ஒரே பொருள், வெளிச்சத்தில் பாதியை உள்ளே விட்டு மீதியைத் திருப்பி அனுப்பும் பூச்சுக் கண்ணாடி. அதைக் கண்ணுக்கு முன்னால் சாய்த்து வைத்து, மேலே நகமளவு திரையையும் ஒரு லென்ஸையும் பொருத்தினால், திரையில் ஓடும் எழுத்து காற்றில் தொங்குவது போலத் தெரியும். எழுத்துக்குப் பின்னால் மலையும் தெரியும். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

இந்தக் கிறுக்கில் நான் மாட்டிக்கொண்டது என் அக்காவால். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். புருஷன் இல்லை, அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒரு காய்ச்சல் அவள் காதுகளைக் கொண்டுபோய்விட்டது. பிறகு ஒருநாள் மலையில் குளவிக்கூடு கலைந்து எல்லோரும் கத்திக்கொண்டு ஓட, அவள் மட்டும் குனிந்து பறித்துக்கொண்டே நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து மீண்டு வந்தவளிடம், குளவி என்று கத்தினால் விளங்காதவளை மலைக்கு அனுப்ப முடியாது என்றார் சின்னத்துரை. தோட்டத்தின் உதவி மேனேஜர் அவர். பக்கத்து நிரையில் ஒருத்தியைப் போட்டு, ஏதாவதென்றால் தோளில் தட்டச் சொன்னால் போதுமே என்று கெஞ்சினோம். அப்படியெல்லாம் ஆள் ஒதுக்க முடியாதாம். இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பாதிக் கண்ணாடி விஷயத்தைக் கேட்டு ஒரு ஸ்டூலை எட்டி உதைத்தார்.

"பேச்ச எழுத்தாக்குறத போன் செய்யுது. ஆனா ரெண்டு கையாலயும் பறிக்கிறவ போனையா பாத்துக்கிட்டு நிப்பா? எழுத்தக் கொழுந்துக்கு முன்னால கொண்டாந்து நிறுத்துறேன்டா."

அப்படியொரு கண்ணாடி வந்தால் சோதித்துப் பார்க்கலாம் என்று சின்னத்துரையும் சம்மதித்தார். அதில் அவருக்கு ஒன்றும் நட்டமில்லை.

அதற்குப் பிறகுதான் சூரியனோடு யுத்தம் தொடங்கியது. வெயில் ஏறினால் எழுத்து வெளுத்துப் போகும். பூச்சைக் கூட்டினால் எழுத்து தெரியும், கொழுந்து இருண்டுவிடும். குறைத்தால் கொழுந்து தெரியும், எழுத்து காணாமல் போகும். மனிதக் கண்ணுக்குப் பச்சை வெளிச்சம்தான் பளிச்சென்று தெரியும் என்று ஒருநாள் எல்லா எழுத்தையும் பச்சையாக்கினார். தேயிலை மலையில் பச்சை எழுத்து! அக்கா போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமே வரவில்லை என்றாள். அன்று சூரியனோடு சேர்த்துத் தேயிலையும் திட்டு வாங்கியது.

எழுத்து எவ்வளவு தூரத்தில் தொங்குவது போலத் தெரிய வேண்டும் என்பது அடுத்த சண்டை. அடுத்த மலையில் தொங்கினால், கைக்கருகே கொழுந்தைப் பார்க்கிற கண் அதைப் படிக்காதாம். ஆகவே அக்காவின் கண்ணுக்கும் கொழுந்துக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்க டெய்லர் டேப்போடு, அவள் குடியிருக்கும் தோட்டத்து வீட்டு வரிசையான லயத்துக்கே வந்துவிட்டார். கல்யாணச் சட்டை தைக்க ஆள் வந்திருக்கிறது என்று லயம் முழுக்கப் பேச்சு. அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

கண்ணாடியை எதில் பொருத்துவது? எல்லோரையும் போல மூக்கில் மாட்டினால் அவர் எப்படிப் பாதிக் கண்ணாடி ஆவார்? முதுகுக் கூடையின் கயிறு எப்படியும் தலையில்தானே கிடக்கிறது, அதிலேயே மாட்டிவிடலாம் என்று கண்டுபிடித்தார். கடையில் வெறுங்கூடையோடு போட்டுப் பார்த்ததில் பிரமாதமாக இருந்தது.

சோதனை நாளன்று காலையில், பறிப்பை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை தூரத்திலிருந்து குளவி என்று கத்தினார். இடுப்பில் செருகிய போன் அதை எழுத்தாக்கிக் கண்ணாடிக்கு அனுப்ப, அக்கா கூடையை இறக்கிவிட்டு விலகினாள். நான் கைதட்டினேன். கூடை பாதி நிறைந்ததும் மறுபடி கத்தினார். அக்கா அசையவில்லை. கொழுந்தின் பாரம் கயிற்றைப் பின்னுக்கு இழுத்துவிட்டது. அதோடு கண்ணாடியும் மேலே போய்விட்டது. குளவி என்ற எழுத்து ஆகாயத்துக்குத்தான் தெரிந்திருக்கும். கூடை நிறையும் என்பதை, தோட்டத்தில் பிறந்து கொழுந்துக்காரியின் மகனாக வளர்ந்த மனிதர் மறந்துவிட்டார்!

சின்னத்துரை சிரித்தார். வேண்டுமானால் அடுத்த மாதம் இன்னொரு தடவை பார்க்கலாம் என்றார். நான் அந்த ரோட்டிலேயே நின்று பாதிக் கண்ணாடியைத் திட்டித் தீர்த்தேன். அக்காவின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டீர்கள் என்றெல்லாம் சொன்னேன். அவர் குனிந்து அக்காவின் கூடையைத் தூக்கிப் பாரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து பதுளைக் கடைவீதியில் ஒரு காட்சி. கூடை நிறையக் கல்லைப் போட்டு, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, முகத்தில் கண்ணாடிச் சட்டத்தோடு ஒரு மனிதர் மேலும் கீழும் நடக்கிறார். கழுத்து வீங்கியது. ஆனாலும் நடந்தார். எழுத்து செம்மஞ்சளானது. சட்டம் கயிற்றை விட்டு மூக்குக்கும் காதுக்கும் இறங்கியது. கடைசியில் எல்லோரையும் போலத்தான்.

இரண்டாவது சோதனை. அக்காவின் கூடை நிறைந்திருந்தது. மற்றப் பெண்கள் மேலே பறித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கீழே ரோட்டில். அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று சின்னத்துரை கணக்கப்பிள்ளையிடம் ஏதோ சொன்னார். எங்களுக்குக் கேட்கவில்லை. செவிட்டுப் பெண்ணுக்குப் பின்னால் எதையும் பேசலாம் என்று பழகியவர்.

அக்கா கூடையை இறக்கி வைத்தாள். திரும்பினாள்.

"ஐயா, இது வேல செஞ்சாலும் செய்யாட்டியும் அடுத்த மாசம் வேலைப் பதிவுல என் பேரு வேணாம்னு சொன்னீங்களா?"

காது போனதிலிருந்து அவளுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. மலை முழுக்கக் கேட்டது. கணக்கப்பிள்ளை தரையைப் பார்த்தார். மேலே ஒருத்தி தலைக்கயிற்றைக் கழற்றினாள். பிறகு ஒவ்வொருத்தியாக எல்லோரும் கழற்றினார்கள். அதன் பிறகு ஒரு கொழுந்துகூடக் கூடைக்குப் போகவில்லை.

சும்மா பகிடிக்குச் சொன்னேன் என்றார் சின்னத்துரை. மத்தியானத்துக்குள் அக்காவின் பெயர் உறுதியானது. கூடவே பக்கத்து நிரையில் தோளில் தட்ட ஒருத்தியையும் போட்டார்கள், ஒதுக்கவே முடியாது என்ற அதே ஆளை. நான் துள்ளிக் குதித்தேன். பாதிக் கண்ணாடிக்கு முகம் சிவந்து கண் கலங்கிவிட்டது.

"தோள்ல தட்ட ஒரு ஆளு. இதக் குடுக்க வைக்க நான் வெளிச்சத்தோட இத்தன மாசம் மல்லுக்கட்டணுமாடா?"



அன்று திரும்பும் வழியெல்லாம் அவர் தோட்டத்தைத் திட்டிக்கொண்டே வந்தார். கண்ணாடியைக் கழற்றாமல் கூடவே நடந்த அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் நின்றுவிட்டாள். இத்தனை மாதம் இவர் வாயசைப்பதை மட்டும் பார்த்தவள், என்ன பேசுகிறார் என்று அன்றுதான் படித்தாள்.

போன வருடம் பாதிக் கண்ணாடி, கடைக் கட்டடத்தின் சொந்தக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். பெரகலயில் பஸ்ஸுக்கு நின்றதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். ஒரு போன் எடுக்கக் கூடாதா இந்த மனுஷன்? பின்னறையை நான் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

வெயில் ஏறி எழுத்து வெளுக்கிற நேரங்களில், அக்கா இப்போது பறிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து சூரியனைத் திட்டுகிறாளாம். ஒரு வார்த்தை பிசகாமல் அவர் திட்டியபடியே.