வறண்ட கண்மாயும் விசில் அக்காவும்

சொட்டுத் தண்ணீர் இல்லாத கண்மாயில் ஒருத்தரும் மூழ்கிவிடக் கூடாதே என்று கவலைப்பட்ட ஒரே ஜீவன் இந்தப் பூமியில் எங்கள் விசில் அக்காதான். கவலைப்பட்டதோடு நிற்காமல், ஆளைப் பிடித்து லைஃப் ஜாக்கெட்டும் மாட்டிவிடுவார். மாட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன் என்பதால் அடித்துச் சொல்கிறேன்.

திருப்பரங்குன்றத்தைத் தாண்டி உள்ளே போனால் சின்னதாக ஒரு மலை, மலையடியில் ஒரு கண்மாய், கண்மாயைச் சுற்றி ஒரு பூங்கா. கொடைக்கானல்காரர் யாராவது வந்தால் அதை மலை என்று ஒப்புக்கொள்ள மாட்டார். நாங்கள் மதுரைக்காரர்கள். ஏறும்போது மூச்சு வாங்கினால் எங்களுக்கு அது மலைதான். கரையில் நடைபாதை, வேப்பமரங்கள், நாலு ஊஞ்சல், வாத்து உருவத்தில் இரண்டு பெடல் படகுகள். வாசல் பலகையில் இரண்டே வரி எழுதியிருக்கும்: 'அமைதி காக்கவும். ஆண்டு முழுவதும் திறந்திருக்கும்.' இரண்டாவது வரியைக் காப்பாற்றுவதற்காக முதல் வரியை நாள் முழுக்க ஊதித் தள்ளிக்கொண்டிருந்தவர் அக்கா.

வாசல் காவல், படகு, செடிக்குத் தண்ணீர் எல்லாமே அவர் பொறுப்பு. ஐம்பதைத் தாண்டிய வயது. சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில். பெயரை ஒருமுறை கேட்டேன். எதற்கு, மேலே புகார் எழுதிப் போடவா என்று திருப்பிக் கேட்டார். அதோடு விட்டுவிட்டேன்.

வீட்டில் என் வயிற்றைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் நடக்கச் சொல்லித் துரத்தியதால், அவனியாபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து நடக்கப் போனேன். பத்தடி வைப்பதற்குள் காதைக் கிழித்தது விசில். ஏதோ பாம்பு போலிருக்கிறது என்று அப்படியே நின்றுவிட்டேன்.

"தம்பி, கோயிலுக்குப் போனா எங்கிட்டுச் சுத்துவீக?" என்றார் அக்கா.

வலமாகத்தான் என்றேன்.

"இங்கயும் அங்கிட்டுத்தேன். திரும்புங்க."

அன்று திரும்பியவன்தான், அதன் பிறகு இடமாக நடந்ததே இல்லை. கண்மாய் வலது கைப்பக்கம் இருக்க வேண்டும் என்பது முதல் சட்டம். ஜாக்கெட் போடாமல் கண்மாய்க்குள் கால் வைக்கக் கூடாது என்பது இரண்டாவது. கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

அதை நான் கண்டுகொண்டது ஒரு மே மாதத்தில். சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்த என் மச்சினனிடம் எங்கள் ஊரிலும் போட்டிங் உண்டு என்று பீற்றிவிட்டேன். போய்ப் பார்த்தால் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. இரண்டு வாத்துகளும் காய்ந்த மண்ணில் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. மச்சினன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இன்னும் ஜீரணிக்கவில்லை. ஆனால் அக்கா அசரவில்லை. எல்லாருக்கும் ஜாக்கெட் கொடுத்து, வார் இழுத்துக் கட்டி, மண்ணில் நின்ற வாத்துக்குள் உட்காரவைத்தார். தண்ணீரே இல்லாத இடத்தில் ஜாக்கெட் எதற்கு என்று மச்சினன் நியாயமாகத்தான் கேட்டான்.

"இன்னைக்குத் தண்ணி இல்லேன்னு போட மாட்டீக. அப்பறம் தண்ணி வந்தன்னைக்கும் அதே மாதிரி ஏறி உக்காருவீக. பழக்கம் விட்டுப்போகக் கூடாது சார்."

கால் மணி நேரம் காற்றில் பெடல் மிதித்தோம். விசில் ஊதி எங்களைக் 'கரை'யேற்றினார். பிள்ளைகள் இறங்க மாட்டேன் என்று அழுதார்கள். கொடுமை என்னவென்றால், மச்சினனும் இன்னொரு ரவுண்டு கேட்டான்.

மழையும் அவரை ஒன்றும் செய்ய முடியாது. ஐப்பசியில் ஊரே ஒதுங்கி நிற்கும்போது ஒரு கையில் குடை, வாயில் விசிலோடு நடைபாதையில் நிற்பார். தீபாவளிக்குத் திறந்திருக்கும். பொங்கலன்று அவனியாபுரம் முழுக்க ஜல்லிக்கட்டுக்குப் போய்விட, ஆளே வராத பூங்காவை அவர் மட்டும் திறந்துவைத்திருந்தார். யாருக்கும் பிடிபடாமல் ஓடிய ஒரு காளை அன்றைக்கு வழி தவறி அங்கே வந்துவிட்டதாம். அக்கா ஊதிய ஊதலில் அதுவும் வலமாக ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வெளியே போனது என்று பழமண்டி அண்ணன் சத்தியம் பண்ணுகிறார். அண்ணனுக்குச் சிம்மக்கல்லில் வாழைப்பழ மண்டி, கோடை போக மற்ற நாளெல்லாம் என்னோடு நடப்பவர். அவரும் அன்று ஜல்லிக்கட்டில் இருந்தார் என்பது வேறு விஷயம்.

இந்த வருஷம் சித்திரையில் ஒரு முகூர்த்த நாள். திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணத்தில் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு, வேப்பமர நிழலில் கொஞ்சம் சாயலாம் என்று அண்ணனும் நானும் பூங்காவுக்குப் போனோம். வாசலில் கையில் சங்கிலியும் பூட்டுமாக ஒரு அதிகாரி நின்றுகொண்டிருந்தார். கண்மாயில் தண்ணீர் வரும்வரை பூங்காவை மூடிவிட்டு அக்காவை வேறு இடத்துக்கு மாற்ற உத்தரவாம். தண்ணீர் இல்லாத இடத்துக்கு யார் வரப்போகிறார்கள் என்று அவர் பொறுமையாகவே கேட்டார்.

"பூட்டுறது ஆளுகளுக்குத்தேன் பூட்டு சார், லாரிக்கு இல்ல," என்றார் அக்கா. "நான் வாரதுக்கு முன்னாடி ஒரு கோடைக்குப் பூட்டுனீக. கெழக்கு மூலையில கரை ஒடஞ்ச வழியா லாரிக்காரன் இடிச்ச வீட்டு மண்ணு அம்புட்டையும் கொண்டாந்து கொட்டிட்டுப் போய்ட்டான். இன்னும் ரெண்டு கோடைக்குப் பூட்டுங்க. அப்பறம் இது கண்மாய் இல்ல, பிளாட்டு. நான் கேட்டை விட்டு நகர மாட்டேன். பூட்டணும்னா என்னைய உள்ள வச்சுப் பூட்டுங்க."

அதிகாரி தலையைச் சொறிந்தார். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மறுபடி வருவதாகவும், அன்றைக்கு உள்ளே ஆள் நடமாட்டம் இருந்தால் யோசிப்பதாகவும், இல்லையென்றால் பூட்டுத்தான் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குச் சுருக்கென்றது. மச்சினன் வந்த அந்த ஒரு நாளைத் தவிர, அதுவரை கோடையில் நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. நாங்கள் யாருமே பார்த்ததில்லை. அத்தனை கோடையும் அந்தப் பெண்மணி தன்னந்தனியாக நின்று லாரிகளைத் துரத்திக்கொண்டிருந்திருக்கிறார். நாங்களோ ஆடியில் காற்று வந்த பிறகு வந்து, பூங்காவை நன்றாகப் பராமரிக்கிறார்கள் என்று பேசிக்கொண்டு நடந்திருக்கிறோம்.

"மாப்ள, நாப்பது பேர நான் எறக்குறேன்," என்றார் அண்ணன்.

சொன்னபடி இறக்கினார். நடக்க வருகிறவர்கள், அவர்கள் வீட்டார், மண்டி ஆட்கள் என்று நாற்பதுக்கு மேலேயே தேறியது. ஆனால் மதுரையில் நாற்பது பேர் ஓர் இடத்தில் கூடினால் அடுத்து என்ன நடக்குமோ அதுவும் நடந்தது. புளியோதரை வந்தது. இரண்டு வாழைத்தார் வந்தது. ஒருவர் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டார். கூட்டத்தை மோப்பம் பிடித்து ஒரு பருத்திப்பால் வண்டி வந்தது. வாசலுக்கு நேர் எதிர்க்கரையில், வேப்பமரத்தடியில் திருவிழாவே தொடங்கிவிட்டது.

பதினோரு மணிக்கு வந்த அதிகாரி, சத்தம் கேட்டு, காய்ந்த கண்மாய்க்குள் இறங்கிக் குறுக்கே வரப் பார்த்தார். விசில். அவர் திகைத்து நிற்க, அக்கா ஆரஞ்சு ஜாக்கெட்டை அவர் தலை வழியாகப் போட்டு வாரை இழுத்துக் கட்டினார். தானும் ஒன்றை மாட்டிக்கொண்டார். இரண்டு பேரும் வெடித்த மண்ணின் மேல் நடந்து எங்களிடம் வந்தார்கள். எங்களைப் பாராட்டப்போகிறார் என்று நினைத்து அண்ணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

அக்கா பாட்டை நிறுத்தச் சொன்னார். எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். அண்ணனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. "அக்கா, ஒங்களுக்காகத்தான வந்தோம்," என்றார்.

"எனக்காக வந்தா கேட்டுல வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போங்க. கண்மாய்க்காக வந்தா சத்தம் போடாம நடங்க. ரெண்டும் இல்லாம எதுக்கு இம்புட்டுக் கூப்பாடு?"

முடிந்தது கதை என்று நினைத்தேன். காப்பாற்ற வந்த கூட்டத்தை அதிகாரியின் கண் முன்னாலேயே விரட்டிவிடுகிறாரே, இந்த அம்மாவுக்கு என்னதான் வேண்டும் என்று எரிச்சலாக வந்தது. எல்லாரும் சோற்றுப் பாத்திரத்தை மூடி, தாரைத் தோளில் தூக்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல் கிளம்பினார்கள்.

அதிகாரி என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். வாசல் நேர் எதிரில் இருக்கிறது. இவர்களோ அந்த உச்சி வெயிலில், கரையோடு கரையாக, கண்மாய் வலது கைப்பக்கம் இருக்க, வரிசையாகச் சுற்றிப் போகிறார்கள்.

"ஏன் சார் இப்படிச் சுத்திப் போறாங்க? குறுக்க நடந்தா ரெண்டு நிமிஷம்தானே?" என்று கேட்டார்.

"ஜாக்கெட் இல்லாம எப்படி சார் தண்ணிக்குள்ள எறங்குறது?" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் இரண்டு பேரும் கண்மாயைப் பார்த்தோம். நடுவில் ஒரு வெள்ளாடு காய்ந்த கோரையை மேய்ந்துகொண்டிருந்தது.

அவர் சிரிக்கவில்லை. கிழக்கு மூலையைக் காட்டச் சொல்லி அக்காவிடம் கேட்டார். ஜாக்கெட்டோடேயே போய், கொட்டிக் கிடந்த இடிமண்ணையும் லாரித் தடத்தையும் ரொம்ப நேரம் பார்த்தார். வாசலில் போடக் கொண்டுவந்த சங்கிலியையும் பூட்டையும் கரை உடைந்த அந்த வழியில், அங்கிருந்த இரண்டு கல்தூணுக்கு நடுவே போடச் சொன்னார். சாவியை அக்காவிடமே கொடுத்தார். அக்கா நன்றி எல்லாம் சொல்லவில்லை. "ஜாக்கெட்டக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க சார்," என்றார்.

அதன் பிறகு நான் உச்சி வெயிலிலும் போகிறேன். "இந்த வேகாத வெயில்ல எதுக்குத் தம்பி வந்தீக?" என்று தினமும் திட்டுகிறார். சும்மாதான் அக்கா என்கிறேன். கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு ஒருத்தர் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்த பிறகு வீட்டில் இருக்க மனசு கேட்கவில்லை என்பதை, அந்த விசிலுக்குப் பயந்துகொண்டு, இன்னும் நான் சொல்லவில்லை.