நான்கு மூலையிலும் மஞ்சள்

எனக்கு வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கத் தெரியும். செய்த வேலைக்குக் கூலி கேட்கத் தெரியாது. கேட்கலாம் என்று வாயைத் திறந்தால், "பரவாயில்லை, மெதுவா அனுப்புங்க" என்பதுதான் வெளியே வரும். (ஒருமுறை என் காரைப் பின்னால் வந்து இடித்தவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவரும் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார்.) இப்படிப்பட்டவன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை நிமிர்ந்து நின்று கூலி கேட்டேன். அதை எழுத இவ்வளவு நாள் கை வரவில்லை. இன்னமும் மஞ்சள் டப்பாவைப் பார்த்தால் கையில் இருக்கும் காகிதத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறேன்.

நான் தானா ராத்தா என்ற மலையூரில் சத்தியப் பிரமாண ஆணையர். பட்டம் நீளம், வேலை குட்டை. ஒருவர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியை என் முன்னால் உண்மை என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவார். நான் அவருடைய அடையாள அட்டையைப் பார்த்து, பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டு முத்திரை குத்துவேன். எங்கள் பக்கம் முத்திரைக்குச் சாப்பு என்று பெயர். அதனால் இந்த மலை முழுக்க நான் 'சாப்பு சார்'. நீதிமன்றத்தில் இருபத்தைந்து ஆண்டு எழுத்தராக, எங்கள் பேச்சில் கிராணியாக, வேலை பார்த்துவிட்டு விருப்ப ஓய்வு பெற்ற எனக்கு, அங்கே கிடைக்காத மரியாதை இந்தப் பெயரில் கிடைத்தது. மரியாதை மட்டும்தான் கிடைத்தது.

ஈப்போவில் ஒரு ஏஜென்சி. வழக்கறிஞர்களுக்கு வேண்டிய கையெழுத்துகளை ஆள் அனுப்பி வாங்கித் தருவது அவர்கள் தொழில். மூன்று வருடமாக இந்த மலைக்கு அந்த ஆள் நான். ஒரு பத்திரத்துக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை. பெட்ரோல், தோட்டத்துப் பாதையின் குழிகள், மூடுபனி, காத்திருப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். அந்தத் தொகையும் வந்து சேர இரண்டு மூன்று மாதம் ஆகும். அங்கிருந்து என்னோடு பேசுவது கோமதி என்ற பெண். முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான். அந்தக் குரல் முதல் வாக்கியத்திலேயே என்னை 'அங்கிள்' என்று அழைத்துவிடும். அங்கிள் ஆன பிறகு ஒரு மனிதன் எப்படிப் பணம் கேட்பது?

என் மகள் யாழினிக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவள் கோலாலம்பூரில் கணக்கியல் படிக்கிறாள். (அவள் பேருந்தில் ஏறினால், தாப்பா வந்ததா, தஞ்சோங் மாலிம் வந்ததா என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். ஓட்டுநருக்குக்கூட அவ்வளவு கவலை இருக்காது.) விடுமுறைக்கு வந்தவள் என் பெட்ரோல் ரசீதுகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்:

"அப்பா, நீங்க செய்றது வேலையா, தர்மமா?"

என் மனைவி சரோஜா சொன்னாள்: "தர்மம்னா பேராவது கிடைக்கும்லா."

அந்தச் சமயத்தில்தான் மாரிமுத்து அண்ணனின் பத்திரம் வந்தது. ரிங்லெட்டுக்கு உள்ளே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை செய்தவர். ஓய்வு பெறுகிறார், மாதக் கடைசியில், தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். ரிங்லெட்டில் ஒரு சின்ன வீட்டை விலை பேசி, மற்ற எல்லாக் காகிதமும் முடிந்துவிட்டது. 'இதுவே என் முதல் வீடு' என்று அவர் சத்தியம் செய்யும் ஒற்றைத் தாள் மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அது ஈப்போ வழக்கறிஞர் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால், வரிசையில் காத்திருக்கும் வேறொருவருக்கு வீட்டைக் கொடுத்துவிடுவேன் என்று விற்பவர் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை போனேன். வாசலிலேயே அண்ணனின் மனைவி அஞ்சலை அக்கா நிறுத்தினார். இராகு காலமாம். முதல் வீட்டுப் பத்திரத்தில் இராகு காலத்தில் கையெழுத்தா? காத்திருந்தேன். தோசை வந்தது, கோழிக்குழம்பு வந்தது, தேநீர் இரண்டு முறை வந்தது. நல்ல நேரத்தில் அண்ணன் சத்தியம் சொல்லிக் கையெழுத்துப் போட்டார், நான் சாப்பு அடித்தேன். கை கழுவிவிட்டு வருவதற்குள் அக்கா அந்தத் தாளைச் சாமி படத்தின் முன்னால் வைத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் குழைத்துத் தடவி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார். நம் வீடுகளில் எந்த நல்ல காகிதம் வந்தாலும் செய்வதுதானே? அழகாகத்தான் இருந்தது. அப்படியே அஞ்சலில் அனுப்பினேன்.

புதன்கிழமை கோமதி அழைத்தாள். மஞ்சள் ஊறி அடையாள அட்டை எண்ணில் இரண்டு இலக்கம் தெரியவில்லையாம். கறை பட்ட பத்திரத்தை வழக்கறிஞர் ஏற்கமாட்டாராம். புதுத் தாளில் மறுபடி வாங்க வேண்டும். "தப்பு நம்ம பக்கம் அங்கிள், அதனால ரெண்டாவது நடைக்குக் கட்டணம் கிடையாது. முதல் நடையும் முடியாத வேலைன்னு சிஸ்டம் காட்டுது."

அதாவது இரண்டு நடைக்கும் சேர்த்துப் பூஜ்யம். நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? பரவாயில்லை என்றேன்.

யாழினி அதைக் கேட்டுவிட்டாள். அன்று என் வீட்டில் ஒரு தொழிற்சங்கம் பிறந்தது. தலைவி யாழினி, செயலாளர் சரோஜா, தொழிலாளி நான் ஒருவன். தீர்மானம்: பத்திரத்தை வாங்கு, ஆனால் பணம் வரும்வரை அனுப்பாதே.

வியாழக்கிழமை மறுபடி தோட்டத்துக்குப் போனேன். மஞ்சள் டப்பா இருக்கும் திசையில் என் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையெழுத்தும் சாப்பும் ஆன மறு நொடி தாளை உறைக்குள் போட்டேன். அக்காவின் முகம் வாடியது. நான் பார்க்காததுபோல் இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் கோமதிக்கு, யாழினி எழுதிய செய்தியை அனுப்பினேன்: இரண்டு நடைக்கும் கட்டணம் வந்தால்தான் பத்திரம் வரும். உறையைப் பத்திரமான இடத்தில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் கை வைக்காத ஒரே இடம் சாமி அலமாரி. அங்கே வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை முழுக்கக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பணம் வரவில்லை. மத்தியானம் ஒரு மணிக்கு வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. மாரிமுத்து அண்ணன். கையில் இரண்டு முட்டைக்கோஸ், சட்டைப் பையில் பால் காய்ச்சும் விழாவுக்கு அழைப்பிதழ். முதல் அழைப்பு எனக்குத்தானாம். பத்திரம் போய்ச் சேர்ந்திருக்கும்லா சார், என்றார்.

எனக்குப் பின்னால் சாமி அலமாரியில் அவருடைய வீடு உறைக்குள் உட்கார்ந்திருந்தது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் ஆணையர், ஊருக்கே சத்தியம் செய்து வைப்பவன். ஆனால், முக்கியமான பத்திரம் என்பதால் அஞ்சலை நம்பாமல் நானே நேரில் கொண்டுபோகிறேன், இதோ கிளம்பிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்காக நீங்கள் இவ்வளவு தூரம் போகும்போது நான் சும்மா இருப்பதா என்று முட்டைக்கோஸோடு என் காரில் ஏறிவிட்டார்.

சிம்பாங் பூலாய் பாதையில் இறங்கினால் ஈப்போவுக்கு இரண்டு மணி நேரம். ஆனால் திரிங்காப்பில் காய்கறி லோரிகள் வரிசை கட்டி நின்றன. முன்னால் ஒரு லோரி நிறைய முட்டைக்கோஸ், என் பக்கத்தில் மடியில் இரண்டு முட்டைக்கோஸோடு அண்ணன், கடிகாரத்தில் இரண்டு மணி. அந்த வரிசையில் என்னால் பொய்யைத் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏஜென்சி பணம் தராததால் பத்திரத்தை நிறுத்தி வைத்தேன் என்றேன்.

அவர் மடியில் இருந்த முட்டைக்கோஸைத் திருப்பி வைத்தார். பிறகு சொன்னார்:

"சம்பளத்த நிப்பாட்டுனா நாங்களும் கொழுந்த நிப்பாட்டியிருக்கோம் சார். ஆனா நம்ம கூடையத்தான் நிப்பாட்டுவோம். அடுத்தவன் கூடையத் தொட மாட்டோம்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். லோரி நகர்ந்தது. "ஓட்டுங்க சார், பாத்துக்கலாம் லா," என்றார்.

நான்கே கால் மணிக்கு ஈப்போ. ஏஜென்சி என்றால் கண்ணாடிக் கட்டடம் என்று நினைத்திருந்தேன். கடை வீட்டின் இரண்டாவது மாடியில் ஓர் அறை, ஒரு மின்விசிறி, உறைகளுக்கு நடுவே கோமதி. யாழினியைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று அங்கிள் என்றாள்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்த உரையை ஆரம்பித்தேன். தூரம் சொன்னேன். காத்திருப்பு சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. உச்சக்கட்டத்தில், மஞ்சள் பட்டது அந்த வீட்டில் நடந்த தவறு, அதற்கு என் கூலியைப் பிடிப்பது என்ன நியாயம், என் கையில் இருக்கும் பத்திரத்தில் ஒரு துளி கறை காட்டு பார்க்கலாம் என்று உறையைத் திறந்து தாளை மேசை மேல் விரித்தேன்.

நான்கு மூலையிலும் மஞ்சள். நடுவில் வட்டமாகக் குங்குமம். கூடுதலாக, மடிப்பிலிருந்து ஒரு சிட்டிகை திருநீறும் கொட்டியது.

நான் அங்கிருந்தே சரோஜாவை அழைத்தேன். அவள் குரலில் கொஞ்சமும் குற்ற உணர்வு இல்லை. "சாமிகிட்ட வச்சிருந்தீங்களே. பாவம், முப்பத்தஞ்சு வருசம் லயத்துல இருந்தவங்க. நல்ல காரியத்த மொட்டையா அனுப்புவாங்களா?"

அண்ணன் தாளை எட்டிப் பார்த்தார். "உங்க வீட்டு அக்கா நல்லா வச்சிருக்காங்க," என்றார்.

கோமதி வேகமாகப் புதுத் தாள் அச்சடித்தாள். நல்லவேளை, சத்தியம் செய்ய வேண்டியவர் பக்கத்திலேயே இருந்தார். சாப்புதான் இல்லை. அது தானா ராத்தாவில் என் சாப்பாட்டு மேசை மேல் இருந்தது. கீழே இரண்டு கடை தள்ளி இன்னொரு ஆணையர் இருக்கிறார் என்று கோமதி சொன்னாள். ஓடினேன். பெரியவர் கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன், நானும் உங்கள் தொழில்தான் என்றும் சொன்னேன். அவர் அன்பாக என் தோளில் கை வைத்தார்.

"சாப்புக்கு உள்ள காசு தனி தம்பி. ரெண்டு மாடி ஏறி வரணும், அதுக்குத் தனி. முதல்ல காசு, பிறகு சாப்பு."

மலையில் இரண்டு நடை இலவசமாக ஏறி இறங்கியவன், இன்னொருவர் இரண்டு மாடி ஏறுவதற்குப் பணம் எண்ணிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்த லாவகத்தை இன்றும் மறக்க முடியவில்லை. முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. கூலி கேட்பது இவ்வளவு சாதாரணமான செயலா என்று வியந்துகொண்டே அவர் பின்னால் படி ஏறினேன்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பத்திரம் எதிர்ச் சாரியில் இருந்த வழக்கறிஞர் கைக்குப் போனது. அண்ணன் வெள்ளைத் தாளை ஒருமுறை வருத்தமாகப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

திரும்பி வந்ததும் அவர் கோமதியிடம் ஒரு முட்டைக்கோஸை நீட்டினார். இன்னொன்று பெரியவரிடம் ஏற்கெனவே போய்விட்டது. "சாருக்கு ரெண்டு நடக் கூலி குடுத்துருங்கம்மா. இந்த மூணாவது நட என் வீட்டுக் கணக்கு."

கோமதி என்னைப் பார்த்துத் தயங்கினாள். "அங்கிள், கேக்குறவங்களுக்கு முதலாளி குடுத்துருவாரு. நீங்க ஒவ்வொரு பில்லுலயும் 'மெதுவா அனுப்புங்க'ன்னு எழுதி அனுப்புவீங்க. அதனால உங்க பில்ல கடைசியா வைப்பாரு. நேத்து நீங்க அனுப்புன மெசேஜக்கூட யாரோ உங்க போன எடுத்து விளையாடுறாங்கன்னு நெனச்சேன்."

மூன்று வருடமாக என்னை ஏமாற்றியவனை அன்று கண்டுபிடித்தேன். கைப்பேசித் திரையில் என் முகம்தான் தெரிந்தது.

மாரிமுத்து அண்ணன் வீட்டில் பால் பொங்கியது. அஞ்சலை அக்கா என்னைச் சுவரோரமாக, மஞ்சள் டப்பாவுக்கு எதிரே உட்கார வைத்தார். இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் பத்திரத்தின் நகல் ஒன்றைக் கூடுதலாகக் கொண்டுபோகிறேன். மஞ்சளுக்கு அது, வழக்கறிஞருக்கு இது. என் வீட்டிலோ நான் ஒரு தேநீர் கேட்டால்கூட, "முதல்ல காசு, பிறகு சாப்பு" என்கிறாள் சரோஜா. யாழினி தொலைபேசியிலேயே சிரிக்கிறாள்.

அடுத்த மாதம் இரண்டு நடைக்கும் பணம் வந்தது. கூடவே ஏஜென்சியிலிருந்து ஒரு கடிதம்: இனி தூரத்துக்குத் தனிக் கட்டணம், காத்திருப்புக்குத் தனிக் கட்டணம், சம்மதமென்றால் கையெழுத்திட்டு அனுப்பவும். கடிதத்தின் நான்கு மூலையிலும் கோமதி மஞ்சள் வைத்திருந்தாள்.

கறை பட்ட பத்திரம், திருப்பி அனுப்பிவிடவா என்றேன். சரோஜா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பேனாவை எடுத்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். இராகு காலமாம்.

ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காத்திருப்புக்கு யாருக்குப் பில் அனுப்புவது என்று யாழினியைக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. பரவாயில்லை, மெதுவாக அனுப்பட்டும்.