கொய்யா தின்ற காதல் நாயகன்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. அதற்குப் புத்தகம் படிக்கும் பழக்கம் கிடையாது என்பதால் இந்தக் கதையில் அதற்கு வேலையில்லை. அது பாட்டுக்குத் தூங்கட்டும். தூக்கம் எவ்வளவு பெரிய பாக்கியம் என்று இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

நம் கதை இடும்பன் என்கிற பழந்தின்னி வௌவாலைப் பற்றியது. பெயர்தான் இடும்பன், ஆள் பரம சாது. ராத்திரியில் கொய்யா, பகலில் உறக்கம், இதைத் தவிர அவனுக்கு வேறு கொள்கை எதுவும் இல்லை. ஓடைக்குக் குறுக்கே சாய்ந்து நின்ற அத்திமரத்தில், தண்ணீருக்கு நேர் மேலே நீண்டிருந்த கிளைதான் அவன் வீடு. நல்ல நிழல், குளிர்ந்த காற்று, பக்கத்திலேயே கொய்யாத்தோப்பு. பிறந்ததிலிருந்து அங்கேயே தொங்கிப் பழகியவனுக்கு அதைவிட்டால் போக்கிடம் கிடையாது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. புதுப் புத்தகம் ஒன்று வந்தால், பிடித்தவர்கள் ஓடையின் கிழக்குக் கரையிலும் பிடிக்காதவர்கள் மேற்குக் கரையிலும் உட்கார்ந்து விவாதிப்பார்கள். விவாதம் முடியும்வரை எல்லோரும் காலைத் தண்ணீருக்குள் வைத்திருக்க வேண்டும். சூடு தலைக்கு ஏறாமல் இருக்க முன்னோர்கள் செய்துவைத்த ஏற்பாடு அது.

அப்படி வந்து சேர்ந்ததுதான் ‘பல்லில் ஒரு பௌர்ணமி’ என்ற தொடர்கதை. தேக்கிலையில் சிவப்பு மையால் எழுதி யாரோ ஓடையில் மிதக்கவிட்டிருந்தார்கள். எழுதியவர் பெயர் செந்நிலா என்று போட்டிருந்தது. ஆளை யாரும் பார்த்ததில்லை. தேக்குக் கொழுந்தைக் கசக்கினால் சிவப்பாகச் சாறு வருமே, அந்தச் சாறுதான் மை என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

கதை இதுதான். முந்நூறு வயதாகியும் மீசை அரும்பாத ஒரு ரத்தம் குடிக்கும் வௌவால், ஒரு புள்ளிமான் பெண்ணைக் காதலிக்கிறான். அவள் கழுத்தைப் பார்த்தாலே அவனுக்கு நாக்கு வறளும். ஆனாலும் கடிக்கமாட்டான், பெருமூச்சு விடுவான். நாலு பாகம் முடிந்தும் இன்னும் கடிக்கவில்லை.

கிழக்குக் கரைக்குத் தலைவி மைவிழி என்கிற சின்னஞ்சிறு சருகுமான். “கடிக்கறது பெரிய விஷயமாங்க? நம்ம காட்டுல எல்லாரும்தான் கடிக்கிறாங்க. கடிக்காம இருக்கான் பாருங்க, அதுதாங்க காதல்!” என்று அவள் சொல்லும்போது குரல் தழுதழுத்துவிடும்.

மேற்குக் கரைக்குத் தலைவர் ஞானசிகாமணி வாத்தியார் என்கிற முள்ளம்பன்றி. “இதெல்லாம் ஒரு எழுத்தா? சாப்பாட்டை எதிர்ல வச்சுக்கிட்டு நாலு பாகம் பெருமூச்சு விடறவன் காதலன் இல்ல, அஜீரணக்காரன்” என்பார். ஆனால் எந்தப் பாகத்தில் எத்தனையாவது இலையில் பெருமூச்சு வருகிறது என்று அவருக்குத்தான் மனப்பாடமாகத் தெரியும்.

இரண்டுக்கும் நடுவர் பெத்தபெருமாள் என்கிற கரடி. மேற்குக் கரையில்தான் உட்காருவார். மூன்றாம் பாகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் கண்ணில் தூசி விழுந்துவிட்டதென்று திரும்பிக்கொள்வார்.

இதெல்லாம் இடும்பனுக்குத் தெரியாது. ஒருநாள் உச்சிவெயிலில் கண்விழித்துப் பார்த்தால், கீழே மைவிழி அண்ணாந்து நின்றுகொண்டிருந்தாள்.

“கவலப்படாதீங்க. நீங்க கடிக்க மாட்டீங்கன்னு எங்களுக்குத் தெரியும்.”

“எதைம்மா கடிக்கணும்?” என்றான் இடும்பன் தூக்கக் கலக்கத்தில்.

“ஐயோ, அந்தக் குரல்ல எவ்வளவு சோகம் பாருங்களேன்!” என்று கிழக்குக் கரையே உருகியது.

மேற்குக் கரை உருகவில்லை. ரத்தக்காட்டேரி ஒன்றைத் தலைக்கு மேல் தொங்கவிட்டுக்கொண்டு பிள்ளைகுட்டிகளோடு எப்படித் தண்ணீர் குடிப்பது என்று வாத்தியார் கேட்டார். உடனே கிளையைக் காலி செய்யச் சொல்ல வேண்டும் என்றார். மறுநாள் மத்தியானம் விசாரணை கூடியது.

இடும்பன் கும்பிட்டுச் சொன்னான். “பெரியவரே, நான் திங்கறது கொய்யா. ரத்தத்தைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வரும். நம்பிக்கை இல்லேன்னா கிளைக்கு அடியில கரையோரமா பாருங்க. நான் போட்ட விதையிலதான் அத்தனை கன்னும் மொளைச்சிருக்கு.”

எல்லோரும் பார்த்தார்கள். கன்றுகள் தளதளவென்று நின்றன. சத்தியமான வார்த்தை, கண்கண்ட சாட்சி. வழக்கமான கதையாக இருந்தால் இங்கேயே முடிந்திருக்கும்.

“காதலுக்காக ரத்தத்தையே விட்டுட்டு கொய்யா திங்கறாரு! மூணாம் பாகம் அப்படியே நடக்குது!” என்று மைவிழி விம்மினாள்.

“சாதுவா வேஷம் போட்டுத்தான் நெருங்குவான். ரெண்டாம் பாகத்துலயே இருக்கு” என்றார் வாத்தியார்.

கரடி தலையைச் சொறிந்தது. மனசு கிழக்கே இழுத்தது, உட்கார்ந்திருந்த இடம் மேற்கே இழுத்தது. கடைசியில், “எதுக்கு வம்பு? பொழுது சாயறதுக்குள்ள கிளையைக் காலி பண்ணிடுப்பா” என்று சொல்லிவிட்டது. அப்புறமும் யாரும் எழுந்து போகவில்லை. தீர்ப்பு சரியா தப்பா என்று அடுத்த விவாதம் ஆரம்பமாகிவிட்டது.

இடும்பனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தலைகீழாகத் தொங்குகிறவன் அழுதால் கண்ணீர் நெற்றி வழியாகப் போகும். துடைத்துக்கொண்டு, பழகிய ஓடையைக் கடைசியாக ஒருமுறை பார்த்தான். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. இரண்டு கரைகளிலிருந்தும் தண்ணீருக்குள் நீண்டிருந்த கால்களை ஒரு கொழுத்த அட்டை வரிசையாகப் பதம் பார்த்துக்கொண்டிருந்தது. வாத்தியார் காலில் வயிறு நிறையக் குடித்துவிட்டு, நேரே இடும்பனுக்குக் கீழே இருந்த பாறை இடுக்குக்கு வந்தது. அங்கே ஒரு தேக்கிலை விரிந்து கிடந்தது. அட்டை அதன் மேல் ஊர்ந்தது. ஊர்ந்த இடமெல்லாம் சிவப்பு எழுத்தாக விழுந்தது.

“யம்மா... நீங்கதான் செந்நிலாவா?” என்றான் இடும்பன்.

“சத்தம் போடாத தம்பி, அஞ்சாம் பாகம் ஓடிக்கிட்டிருக்கு” என்றது அட்டை. “இந்த வாத்தியார் ரத்தத்துல எழுதினாத்தான் காதல் நல்லா வருது. அந்தச் சின்னப் பொண்ணு ரத்தத்துல எழுதினா வெறும் சண்டையா வருது.”

“இது அநியாயம் இல்லையா?”

“பசி தம்பி. முன்னெல்லாம் காலை நனைச்சுட்டு நாலு வார்த்தை பேசுவாங்க, எழுந்து போயிடுவாங்க. பாதி நாள் பட்டினி. இப்ப பாரு, புடிச்சவங்க மத்தியானம் வரைக்கும் உட்கார்றாங்க, புடிக்காதவங்க பொழுது சாயற வரைக்கும் உட்கார்றாங்க. எனக்கு அவங்கதான் ஒசத்தி.”

ஊரைக் கூட்டிச் சொல்லிவிடலாம் என்று இடும்பன் வாயைத் திறந்தான். கொய்யா விஷயத்தில் உண்மையைச் சொல்லி என்ன கிடைத்தது என்று நினைவு வந்ததும் மூடிக்கொண்டான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

“நான் யாருகிட்டயும் சொல்லல. எனக்காக ஒரே ஒரு இலை எழுதுங்க” என்றான்.

கொஞ்ச நேரத்தில் ஐந்தாம் பாகம் மிதந்து வந்தது. இரண்டு கரையும் பாய்ந்து எடுத்துப் படித்தன. நாயகன் ஒரு அத்திமரக் கிளையில் தொங்கித் தூங்குகிறான். தூங்கிக்கொண்டிருக்கும்வரை யாரையும் கடிக்கமாட்டான். பகலில் எழுப்பினாலோ, கிளையை விட்டு இறக்கினாலோ, நாலு பாகமாகக் கடிக்காமல் விட்டதையெல்லாம் சேர்த்துக் கடிப்பான். பாகம் முழுக்கத் தூங்குகிறான்.

கரடி மெதுவாக மேலே பார்த்தது. “தம்பி, அவசரமில்லப்பா. நீ அங்கயே இரு” என்றது.

அன்றிலிருந்து விவாதமெல்லாம் கிசுகிசுப்பாகத்தான் நடந்தது. மைவிழிக்கு ஐந்தாம் பாகம் துளியும் பிடிக்கவில்லை. பெருமூச்சுகூட இல்லாத கதை ஒரு கதையா என்று கோபித்துக்கொண்டு மேற்குக் கரைக்குப் போய்விட்டாள். ஞானசிகாமணி வாத்தியார் கிழக்குக் கரைக்கு வந்துவிட்டார். “ஒண்ணுமே நடக்கல பாருங்க, இதுதான் இலக்கியம்” என்று காதோடு காதாகச் சொன்னார். கரை மாறியதே தவிர, கால்கள் தண்ணீரில்தான் இருந்தன.

இடும்பன் ஆனந்தமாகத் தூங்கினான். ஆனால் ஒருநாள் பகலில் விழிப்பு வந்து கீழே பார்த்தபோது, மைவிழியின் ஈர்க்குச்சிக் கால்கள் வெளுத்துப்போயிருந்தன. அவள் தலையைக்கூட நேராக நிறுத்த முடியாமல் ஐந்தாம் பாகத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள்.  கிளை போனால் போகட்டும் என்று துணிந்துவிட்டான்.

“பாப்பா, காலை வெளியே எடும்மா! அட்டை உன் ரத்தத்தைக் குடிக்குது! உங்க எல்லார் ரத்தத்தையும் குடிக்குது!”

இரண்டு கரையும் அண்ணாந்து பார்த்தன. மைவிழி பயத்தோடு விரலை உதட்டில் வைத்தாள்.

“உஷ்... தூக்கத்துல பேசறாரு. யாரும் எழுப்பிடாதீங்க!”

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

நீதி: உண்மையைத் தூக்கத்தில் சொல்வதே உத்தமம். சொன்ன புண்ணியமும் கிடைக்கும், குடியிருக்கும் கிளையும் போகாது.