வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்தால் போதுமாம்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அக்கா பரிபூரண சுகம். நான் இடுப்புக்கு மேலே சுகம். இடுப்புக்குக் கீழே எப்படி என்பதை விளக்கத்தான் இந்தக் கடிதம். சற்று நீளமாக வரும். உட்கார்ந்து படி.

போன வாரம் போனில் நீ கேட்டாய்: "அக்கா, பிக்கப் வண்டி ஓடுதா? ஓடுச்சுன்னா அடுத்த மாசம் ஆள் அனுப்பி எடுத்துக்கறேன். ஓடலைன்னா அத்தான் இஷ்டம்." அதற்கு உன் அக்கா, "அதெல்லாம் ஜம்முனு இருக்குடா" என்றாள். நான் பக்கத்தில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அத்தானும் ஆமாங்கறாரு" என்று சொல்லி வைத்துவிட்டாள். போன் அவள் கையில். பேனா மட்டும்தான் இன்னும் என் கையில் இருக்கிறது.

மூன்று வருடங்களுக்கு முன், நீ வேலை மாற்றிக்கொண்டு போகும்போது வண்டியை எங்கள் வாசலில் நிறுத்தி, சாவியை என் உள்ளங்கையில் வைத்து, "வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணினா போதும் அத்தான், குழந்தை மாதிரி" என்றாய். முப்பத்தைந்து வருடம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தியவனிடம் குழந்தையைப் பற்றிச் சொன்னது உன் தவறு. நம்பியது என் தவறு. ஒன்பது வாரம் சொன்னபடி கேட்டது. பத்தாவது வாரம் சாவியைத் திருப்பினேன், உள்ளேயிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கேள்வி கேட்டால் நாக்கைத் தட்டிவிட்டு ஜன்னலைப் பார்க்கும் பையன்கள் உண்டு, அதே 'டிக்'.

இரண்டு தெரு தள்ளி ஒரு மெக்கானிக் ஷெட் இருக்கிறது. மெக்கானிக் என் பழைய மாணவன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, தலையில் என்னைவிட முடி குறைவு, மூன்று பேரை வைத்து வேலை வாங்குகிறான். ஆனால் என் இருமல் சத்தம் கேட்டால் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு நிற்பான். பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். பானெட்டைத் திறந்துவிட்டு, "சார் என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டான். நான் என் கருத்தை ஓர் உதாரணத்தோடு சொன்னேன்: மாடியில் தொட்டி காலியாக இருந்தால் கீழே குழாயைத் திருப்பி என்ன பயன்? ஆகவே பேட்டரி. அவன் கையைக் கட்டிக்கொண்டு முழுவதும் கேட்டுவிட்டு, "சரிங்க சார்" என்றான். புது பேட்டரி போட்டோம். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. அன்று நான் வீட்டுக்கு நடந்து வந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும்.

பதினைந்து நாள். மறுபடியும் 'டிக்'. இந்த முறை நான் யோசித்து, தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, மோட்டார்தான் சரியில்லை என்றேன். "சரிங்க சார்" என்றான். வண்டியைக் கிளப்பிவிடும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் புதிதாக மாட்டினோம். மூன்று வாரம் ஓடியது. பிறகு சாவி சுவிட்ச். "சரிங்க சார்." இரண்டு வாரம். பிறகு டைனமோ. "சரிங்க சார்." நான் சொன்ன ஒவ்வொரு வைத்தியத்துக்கும் வண்டி கொஞ்ச நாள் குணமானதால், என் கருத்துகள் சரி, வண்டிதான் தவறு என்ற முடிவுக்கு வந்தேன். இது தவிர, முன்னால் இடப்பக்கத்துக் கதவு வெளியிலிருந்து மட்டும் திறக்கும், பின்கதவு கயிற்றில் நிற்கிறது, வலப்பக்கம் திரும்ப விளக்கைப் போட்டால் ஹாரன் அடிக்கிறது, ஹாரனை அடித்தால் கண்ணாடி துடைக்கும் வைப்பர் ஒரு தடவை போய்விட்டு வந்து நிற்கிறது. தெருவில் நான் வலப்பக்கம் திரும்பினால் ஜனங்கள் என்னைத் திட்டுகிறார்கள். இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி வீடு வந்து சேரும் வித்தையைக் கற்றுக்கொண்டேன்.

கண் ஆஸ்பத்திரிக்குப் போன கதையை உன் அக்கா உனக்குச் சொல்லியிருக்கமாட்டாள். அவள் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, நாலு மணி நேரத்துக்கு எல்லாம் மங்கலாகத் தெரியும் என்று சொல்லி அனுப்பினார்கள். வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்தினேன். சாவியைத் திருப்பினேன். 'டிக்'. பின்னால் ஆம்புலன்ஸ். வாசல் காவலாளி ஓடி வந்து, "பெரியவரே, நகருங்க, நான் ஸ்டியரிங் பிடிக்கறேன், நீங்க இறங்கித் தள்ளுங்க" என்றார். நோயாளியைப் பார்க்க வந்த இரண்டு பேர் பழப்பையைத் தரையில் வைத்துவிட்டுக் கை கொடுத்தார்கள். நான் மூன்றாவது ஆள். உன் அக்கா உள்ளேயே உட்கார்ந்திருந்தாள், அவள் பக்கத்துக் கதவுதான் உள்ளிருந்து திறக்காதே. கொஞ்ச தூரம் போனதும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பின்னால் பார்த்தாள்.

"தம்பிங்களா, நல்லா தள்ளுங்கப்பா. அந்தக் கடைசியில வர்றவரு சும்மா கையை வச்சுட்டு நடந்து வராரு பாருங்க. அவரையும் கொஞ்சம் தள்ளச் சொல்லுங்க."

கடைசியில் வந்தவன் நான்.

வீட்டுக்கு வந்ததும், "அது நீங்களா? நடையைப் பாத்தா யாரோ வயசானவர்னு நெனச்சேன்" என்றாள். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே அன்றுதான் முடிவு செய்தேன். சலித்துவிட்டதப்பா. கோபம்கூட இல்லை. கோபத்துக்கும் ஒரு தெம்பு வேண்டுமே. காலையில் எழுந்தால் முதலில் ஜன்னல் வழியாக அந்த வண்டியின் முகத்தைத்தான் பார்க்கிறேன், அதுவும் என்னைப் பார்க்கிறது, வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவன் மாதிரி. எத்தனை நாள்தான் ஒருவனையே திருத்திக்கொண்டிருப்பது?

பழைய இரும்பு வாங்குகிறவரிடம் பேசிவிட்டேன். சனிக்கிழமை லாரியோடு வருகிறார். உன் அக்காவிடம் சொன்னேன். பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள்.

"என் தம்பி குடுக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு?"

"மூணு வருஷம் ஆச்சும்மா."

"உங்க கைக்கு வந்தப்பறம்தானே இப்படி ஆச்சு? அவன் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது? இரும்புக்குப் போட்டாச்சுடான்னா?"

"ஓடலைன்னா அத்தான் இஷ்டம்னு அவனே சொல்லிட்டான்."

"போன்ல ஆயிரம் சொல்லுவான். கைப்பட எழுதட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் அதுமேல கைவைக்கக் கூடாது."

ஆகவே, தம்பி, உன்னிடம் நான் கேட்பது ஒரே ஒரு வரி. 'வண்டி ஓடாததால் அத்தான் இஷ்டம்' என்று உன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. சனிக்கிழமைக்குள் கிடைத்தால் நான் மீண்டும் மனிதனாவேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. பெரியவன் கணக்கில் குறைவாக வாங்கினான் என்று திட்டாதே, குறைவாக வாங்குகிறவன்தான் கேள்வி கேட்பான். சின்னவளுக்கு முத்தம். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், முடிந்தால் வண்டி இல்லாமல், நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

உன் அத்தான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. இரும்புக்குப் போகும் வண்டியில் புது பேட்டரியும் மோட்டாரும் எதற்கு என்று, அவற்றைக் கழற்றிக்கொள்ள மெக்கானிக்கை வரச் சொல்லியிருந்தேன். வழக்கமாக நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். இன்று மனசு வரவில்லை. "நீயே பாத்துக் கழட்டிக்கோ" என்று சொல்லிவிட்டு, இந்த உறையைத் தேடி உள்ளே வந்துவிட்டேன். கால் மணி நேரம் கழித்து வாசலில் வண்டி உறுமுகிற சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், அவன் கையில் ஒரு ஸ்பேனரும் ஒரு துண்டு உப்புத்தாளும். எஞ்சினையும் சட்டத்தையும் சேர்க்கிற எர்த் ஒயர் ஒன்று இருக்கிறதாம். அதன் முனை துருப்பிடித்து, நட்டு தளர்ந்திருந்ததாம். தேய்த்து இறுக்கினானாம். ஹாரன், வைப்பர், விளக்கு எல்லாம் அவரவர் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டன.

"இது உனக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

தலையைச் சொறிந்தான். "மொத நாளே சந்தேகம் சார். மின்சாரம் போனா மட்டும் போதாது, திரும்பி வரவும் வழி வேணும்னு நீங்கதானே சார் நடத்துனீங்க? ஒவ்வொரு சாமானா மாத்தறப்ப அந்த ஒயர் கொஞ்சம் அசையும், அதான் ரெண்டு வாரம் ஓடும்."

"ஏன்டா சொல்லலை?"

"கையைத் தூக்கினேன் சார். நீங்க பாக்கலை."

"நீயா ஒரு சுத்து இறுக்கியிருக்கலாமே!"

"நீங்க பக்கத்துலயே நின்னீங்களே சார். நீங்க சொல்லாத சோதனையைச் செஞ்சேன்னு எட்டாவதுல என்னை முட்டி போட வச்சீங்க. மறந்துட்டீங்களா?"

நான் மறந்துவிட்டேன். அவன் மறக்கவில்லை. அவனை உட்கார வைத்து, இந்த வண்டியில் வேறு என்னவெல்லாம் கோளாறு என்று நான் வாயைத் திறக்காமல் கேட்டு எழுதிக்கொண்டேன். இரண்டு பக்கம் வந்தது. பிறகு உன் அக்காவை ஏற்றிக்கொண்டு, வலப்பக்கம், வலப்பக்கமாகவே திரும்பி ஊரைச் சுற்றி வந்தேன். "இவ்வளவு உயரத்துல உட்கார்ந்தா எல்லார் வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கமும் தெரியுதுங்க" என்று அவள் குழந்தை மாதிரி சிரித்தாள். திரும்பி வந்து இறங்கியதும் இந்தக் கடிதத்தை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தாள். நான் கிழித்துப் போடத்தான் சொல்வாள் என்று நினைத்தேன்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஒரு எழுத்து மாத்தாம அப்படியே அனுப்புங்க."

"இப்ப ஓடுதேம்மா! நீதானே ஜம்முனு இருக்குன்னு அவன்கிட்ட சொன்னே?"

"அது நின்னுட்டு இருந்தப்ப சொன்னேன். ஓடுறப்பப் போய் அதைச் சொன்னா ஆள் அனுப்பிட மாட்டானா?"

இரும்புக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் பொய் எழுதுகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆகையால் இந்தப் பின்குறிப்பை உன் அக்காவுக்குத் தெரியாமல் சேர்க்கிறேன். நீ இதைப் படிக்காதவன் மாதிரி, நான் மேலே கேட்ட அந்த ஒரு வரியை உடனே எழுதி அனுப்பிவிடு. ஆள் மட்டும் அனுப்பாதே.