ஒரு ஆட்டமும் ஆடாத கருத்து அண்ணாச்சி

உலகத்தில் இதுவரை வந்த வீடியோ கேம்களில் பாதியை, ஒன்றைக்கூட ஆடாமல் ஆதியோடந்தமாக முடித்த மனிதர் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் கோவில்பட்டியில் இருக்கிறார். பெயர் கருத்து அண்ணாச்சி.

அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கு அவர் கருத்துதான். காப்பி குடித்தால் காப்பியைப் பற்றி ஒரு கருத்து, அது வந்த டம்ளரைப் பற்றி இன்னொரு கருத்து. துஷ்டி வீட்டுக்குப் போனால்கூட, பாடைத்தேர் கட்டிய விதத்தைப் பற்றி ஓரமாக நின்று பேசிக்கொண்டிருப்பார். படுத்திருப்பவர் எழுந்து "போதும் அண்ணாச்சி" என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பக்கென்று இருக்கும்.

தொழில், தீப்பெட்டி லேபிள் ஏஜெண்டு. எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ஆபீஸ் ஆபீஸாக மொபெட்டில் போய், எந்தப் பெட்டிக்கு என்ன படம் என்று பேசி முடித்து, சிவகாசியில் அச்சடித்து வாங்கிக் கொடுப்பார். "லேபிள்ல ஒரு பொருள்தான் இருக்கணும். மயிலுன்னா மயிலு, சாவின்னா சாவி. கண்ணு தெரியாத கெழவியும் ‘அந்த மயிலு பெட்டி குடு’ன்னு கேக்கணும்" என்பது அவருடைய கொள்கை. ஒரு முதலாளி தெரியாத்தனமாக "லேபிள் எப்படி வந்திருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டு, அரைமணி நேரம் கழித்து, "நல்லாருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லும்" என்று கையெடுத்துக் கும்பிட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

இப்படிப்பட்டவருக்கும் வீடியோ கேமுக்கும் என்ன சம்பந்தம் என்றால், அதுவும் லேபிளால் வந்ததுதான். "மயில், குதிரை எல்லாம் பாத்தாச்சு, எவனும் போடாத படமா வேணும்" என்று ஒரு முதலாளி பிடிவாதம் பிடித்தார். அண்ணாச்சி ரயிலடிப் புத்தகக் கடையில் துழாவியபோது, வீடியோ கேம்களுக்கென்றே மாதாமாதம் வரும் இங்கிலீஷ் பத்திரிகை ஒன்று கையில் சிக்கியது. அட்டையில் ஒரு வீரன். தலையில் கொம்பு, முறுக்கிய மீசை, ஆள் உயரத்துக்கு வாள். நம்ம ஊர் ஓவியரிடம் கொடுத்து, கொம்பைக் கொஞ்சம் கிரீடமாக்கி, வாளை லேசாக வளைத்து லேபிள் போட்டுவிட்டார்.

பெட்டி விளாத்திகுளம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போனது. போன வேகத்தில் விற்றது. அப்புறம் ஒரேயடியாக நின்றுபோனது. ஏன் என்று போய்ப் பார்த்தால், எல்லா வீட்டிலும் அந்தப் பெட்டி சாமி படங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எந்த ஊர்க் காவல் தெய்வம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் தெய்வம் என்பதில் சந்தேகம் இல்லை. காலிப் பெட்டியை எறிய யாருக்கும் மனசு வரவில்லை. குச்சி தீர்ந்ததும் வேறு கம்பெனிக் குச்சியை வாங்கி அதே பெட்டியில் நிரப்பிக்கொண்டார்கள். பீடி குடிக்கிறவர்கள், சாமி முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உரசினார்கள்.

"அண்ணாச்சி, எனக்குச் சாமி வேண்டாம். மயிலே போதும்" என்றார் முதலாளி.

மயில் திரும்பி வந்தது. ஆனால் அண்ணாச்சி திரும்பி வரவில்லை. அதற்குள் அவர் அந்தப் பத்திரிகையின் உள்ளே போயிருந்தார்.

நான் அப்போது ஒரு நூல் மில்லில் கிளார்க். பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் செல்வம் என்பவர் கேம் கடை வைத்திருந்தார். மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடலாம். எனக்கு வீடியோ கேமில் துளி ஆசை கிடையாது. அந்தக் கடையில் ஏசி உண்டு. சித்திரை மாதத்து வெயிலில் கரிசல் மண் வெடித்துக் கிடக்கும்போது, ஏசி இருக்கிற இடத்தில் என்ன நடந்தால் எனக்கென்ன? போய் உட்கார்ந்துகொள்வேன்.

அங்கேதான் அண்ணாச்சி பத்திரிகையோடு இருப்பார். வாசல் பக்கம் நாற்காலி. திரைகள் எல்லாம் முதுகுக்குப் பின்னால். பையன்கள் அலறிக்கொண்டு ஆடுவார்கள். இவர் ஒரு தடவைகூடத் திரும்ப மாட்டார். ப்ளஸ் டூ வரை படித்த இங்கிலீஷ், மடியில் ஒரு அகராதி. ஆனால் எவனாவது நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தால், தெருவைப் பார்த்தபடியே குரல் வரும்.

"ஏலே, அங்கன இடதுபக்கம் பாசி புடிச்ச ஒரு செவரு இருக்கும். அதத் தட்டு. தொறக்கும்."

தட்டுவான். திறக்கும்.

திரும்பிப் பார்க்காதது அவருடைய கெத்து என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

கோவில்பட்டியில் நாலு பேர் ஒரே விஷயத்தைப் படித்துவிட்டால் மன்றம் தொடங்கிவிடுவார்கள். இது அந்த ஊர்த் தண்ணீரில் இருக்கிற சமாச்சாரம். எங்கள் மன்றத்துக்கு வீடியோ கேம் இதழ் வாசகர் மன்றம் என்று பெயர். தலைவர் அண்ணாச்சி, பொருளாளர் செல்வம், செயலாளர் நான். உறுப்பினர்கள், அன்றைக்கு ஆட வந்து மாட்டிக்கொண்டவர்கள். இதழ் வந்த மறு ஞாயிற்றுக்கிழமை கூட்டம். வரவேற்புரை உண்டு, நன்றியுரை உண்டு, காராச்சேவும் கடலைமிட்டாயும் உண்டு. பொன்னாடை ஒன்றே ஒன்றுதான். போர்த்தியதும் கழற்றி மடித்துச் செல்வத்திடம் கொடுத்துவிட வேண்டும். சிறப்புரை எப்போதும் அண்ணாச்சி.

"போன மாச இதழ்ல அந்தக் காட்டுக் கேமப் பத்தி அஞ்சு பக்கம் எழுதியிருக்கான். உள்ள நொழைஞ்சதும் மொதல்ல தண்ணிச் சத்தம் கேக்குமாம், பெறவுதான் ஆறு கண்ணுல படுமாம். இதல்லவா எழுத்து? இந்த மாசம் அதே ஆளு, மலைய ‘உயரமா இருக்கு’ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். மலை உயரமாத்தானய்யா இருக்கும்?"

கை தட்டுவோம். தட்டினால்தான் காராச்சேவு வரும்.

நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த மன்றத்தில், பத்திரிகைக்குப் புது ஆசிரியர் வந்து கல்லைத் தூக்கிப் போட்டார். அடுத்த இதழ் வழுவழுவென்று வந்தது. அட்டையில் எள் விழ இடமில்லாமல் தலைப்புகள். உள்ளே இரண்டு பக்கத்தை அடைத்துப் படம். எழுத்து, ஓரத்தில் தபால்தலை அளவுக்கு. அஞ்சு பக்க விமர்சனம் போய், நிறை, குறை, பத்துக்கு இத்தனை மார்க் என்று மூன்று கட்டம். அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு நடந்தது கண்டனக் கூட்டம். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேசினார். உறுப்பினர்களோ புது நடையைக் கொண்டாடினார்கள். படம் சூப்பர் என்றான் ஒருவன். மார்க் போதும், யார் உட்கார்ந்து படிப்பது என்றான் இன்னொருவன். எனக்கும் உள்ளுக்குள் அதே கருத்துதான். செயலாளர் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

செல்வத்துக்குத்தான் பொறுமை போய்விட்டது.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய. ஒரு நாளும் ஆடாத ஆளுக்கு எதுக்கு இம்புட்டு கருத்து? இப்ப ஒரே ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுங்க. கண்டனத் தீர்மானத்துல மொத கையெழுத்து நான் போடுதேன்."

அண்ணாச்சி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்து உட்கார்ந்தார். கார் ஓட்டுகிற ஆட்டம். கார் கிளம்பியது. முதல் வளைவு வந்தது. அண்ணாச்சி எழுந்து ஓடினார். வாசல் சாக்கடை ஓரம் குந்தி உட்கார்ந்தவர், மத்தியானம் சாப்பிட்டதை எல்லாம் கோவில்பட்டிக்கே திருப்பிக் கொடுத்தார்.

செல்வம் பதறிப்போய் வீட்டுக்குப் போன் போட, அண்ணாச்சியின் மனைவி, எங்களுக்கு மதினி, ஆட்டோவில் வந்து இறங்கினார். பதற்றமே இல்லை. மணிபர்சைத் திறந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, "மோந்து பாருங்க" என்று நீட்டினார். எப்போதும் பர்சில் வைத்திருக்கிற பழம் அது.

"இவியளுக்குக் கண்ணு முன்னால எது ஓடுனாலும் ஆகாது தம்பி. வண்டிய இவியளே ஓட்டுனா ஒண்ணும் செய்யாது. பஸ்ஸுல ஏறுனாப் போச்சு. டிவியில கிரிக்கெட்டக்கூட செவத்தப் பாத்துக்கிட்டுத்தான் கேப்பாவ. என்னையப் பொண்ணு பாக்க விளாத்திகுளத்துக்கு பஸ்ஸுல வந்தாவ. எறங்குன கையோட எங்க வாசல்ல வாந்தி. மாப்பிள்ள குடிச்சிட்டு வந்திருக்காருன்னு எங்க அய்யா கதவ அடைச்சிட்டாவ."

"பெறவு?"

"பெறவென்ன, மறுவாரம் மொபெட்ல வந்தாவ."

நாங்கள் சிரித்தோம். அண்ணாச்சியும் பழத்துக்குப் பின்னாலிருந்து சிரித்தார். பிறகு, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"எழுதியிருந்தா நான் உள்ள போயிருவேன் தம்பி. காடு, மல, கடலுன்னு எங்கயும் தல சுத்தாமப் போயிட்டு வந்துருவேன். படத்தப் போட்டு எழுத்தக் கொறச்சா ஆடுதவனுக்கு நட்டமில்ல. அவன் போயி ஆடிக்கிடுவான். நான் எங்க போவேன்?"

பத்திரிகையின் நடை மாறினால் எங்களுக்குப் போவது ஒன்றுமில்லை. அவருக்குப் போவது அத்தனை ஆட்டமும். இத்தனை நாள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததன் அர்த்தம் அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. செல்வம் பேனாவை எடுத்து முதல் கையெழுத்தைப் போட்டார். கடையில் இருந்த அத்தனை பேரும் போட்டோம்.

இரண்டு பக்கத் தீர்மானத்தை அனுப்பிவைத்தோம். பத்திரிகைக்காரர்கள் நல்ல மனதோடு அடுத்த இதழில் அதை வெளியிட்டார்கள். ‘எழுத்து இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்கிறார்கள் கோவில்பட்டி வாசகர்கள்’ என்று ஒரே வரியாகச் சுருக்கி, பக்கத்தில் ஒரு டைனோசர் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் எழுத்து தேய்ந்துகொண்டேதான் போனது. கொஞ்ச காலத்தில் அச்சு இதழ் நின்று இணையத்துக்குப் போனது. அங்கேயும் கொஞ்ச நாள் எழுதினார்கள். பிறகு எல்லா விமர்சனமும் வீடியோவாகிவிட்டது. ஆட்டத்தை ஓட விட்டு, அதன் மேல் யாரோ வேகமாகப் பேசுகிறார்கள். செல்வம் போனில் அதைக் காட்டியபோது அண்ணாச்சி கையால் கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லாருக்கும்னு நெனைக்கேன்" என்றார்.

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சப்பைக் கருத்து வந்து நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கடலைமிட்டாயைத் தொடவில்லை. மறு கூட்டத்துக்கு வரவும் இல்லை. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஏசி ஓடிக்கொண்டிருந்தும் கடையில் இருப்புக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு நானும் செல்வமும் போய் அவரைக் கையோடு கூட்டிவந்தோம். பழைய இடத்தில், தெருவைப் பார்த்து நாற்காலி போட்டோம். புதுசாக வந்திருந்த ஆட்டத்தைச் செல்வம் ஆட ஆரம்பித்தார். ஆடிக்கொண்டே வாயால் சொல்லவும் செய்தார்.

"ஒருத்தன் வாரான் அண்ணாச்சி. சுட்டுட்டேன். இன்னொருத்தன் வாரான். அவனையும் சுட்டுட்டேன்."

வாசல் நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"செல்வம், இது என்ன நடை? போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்குத மாதிரி இருக்கு. வந்தவன் எப்படிப்பட்டவன்? பின்னால வானம் எப்படிக் கெடந்துச்சு? ஒண்ணும் சொல்லாம பொசுக்கு பொசுக்குன்னு சுட்டா?"

அண்ணாச்சி மீண்டுவிட்டார். செல்வம் அந்த ரிமோட்டை என் கையில் திணித்து, "செயலாளர் பாத்துக்கிடட்டும்" என்று ஒதுங்கிக்கொண்டார். எனக்கு எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்றுகூடத் தெரியாது. ஆளைச் சும்மா நடக்க மட்டும் விட்டேன்.

"தெரு இருக்கு அண்ணாச்சி."

"எப்படித் தெரு?"

"ஈரத் தெரு. இப்பதான் மழ விட்டிருக்கு போல. கடையெல்லாம் சாத்தியிருக்கு. வெளக்கு வெளிச்சம் தண்ணியில கெடந்து ஆடுது."

கருத்து எதுவும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முகம் தெளிவாக இருந்தது.

"மெதுவாப் போங்க தம்பி, வழுக்கிரப் போவுது" என்றார்.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன், பத்திரிகையில் இந்தப் பத்தியை எழுதிக்கொண்டு. செல்வம் அதே கடையில் செல்போன் உறை விற்கிறார். அண்ணாச்சி அதே மொபெட்டில் லேபிளோடு சுற்றிக்கொண்டிருக்கிறார். மன்றம் மட்டும் கலைக்கப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணாச்சியிடமிருந்து போன் வரும். நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, டிவி முன்னால் கேம் மெஷினோடு உட்காருவேன். "தலை நரைச்ச பெறவு வெளையாட்டா?" என்று என் மனைவி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். பத்தியில் நான் எழுதுகிற நடையை வாசகர்களில் சிலர் பாராட்டுகிறீர்கள். அண்ணாச்சி இன்னும் முழுசாகப் பாராட்டியதில்லை. போன வாரம் ஒரு கப்பல் ஆட்டம். அலை பெரிதாக அடிக்கிறது என்றேன்.

"அலைன்னா எந்த அலை தம்பி? திருச்செந்தூர் அலையா, தூத்துக்குடி அலையா? வெவரமாச் சொல்லாம நீங்கல்லாம் என்னத்தப் பத்திரிகையில எழுதுதீங்க?"

திருச்செந்தூர் அலை என்று திருத்திக்கொண்டேன்.

எனக்கு வீடியோ கேம் இன்றுவரை பிடித்ததில்லை. கட்டைவிரல்தான் வலிக்கிறது. இந்த ஞாயிற்றுக்காகப் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதில் பெரிய காடு ஒன்று வருகிறதாம். அண்ணாச்சிக்குக் காடு என்றால் ரொம்பப் பிடிக்கும்.